டாக்டரைக் கேளுங்க: புழுவெட்டுக்கு விட்டமின் டி போதுமா?

கேள்வி: என் பையனுக்கு 19 வயசு, ஹாஸ்டல்ல தங்கிப் படிக்கிறான். லீவுக்கு வந்தப்ப முடி வெட்டப் போன இடத்துல, பின்மண்டையில அஞ்சு ரூபா காசு அளவுக்கு வழவழன்னு இருக்குன்னு கடைக்காரர்தான் காட்டினாராம். ரத்த டெஸ்ட்ல விட்டமின் டி வெறும் 11. டி ஏறிட்டா முடி தானா வந்துடும்னு சொந்தக்காரங்க சொல்றாங்க, நிஜமாங்களா? – வாசகி, ஈரோடு

பதில்: பாதிதாம்மா நிஜம். நேர்ல பாக்காம உறுதியா சொல்ல முடியாது, ஆனா கேக்குறப்ப புழுவெட்டு மாதிரிதான் இருக்கு. இது பூச்சி கடிச்சு வர்றதில்ல, நோயை எதிர்க்க வேண்டிய நம்ம வெள்ளை அணுக்களே முடியோட வேரைச் சுத்தி நின்னு தாக்குறதால வர்றது. புழுவெட்டு இருக்குறவங்களுக்கு சராசரியா விட்டமின் டி கம்மியாத்தான் இருக்குன்னு பல நாட்டு ஆய்வுகள்ல வந்திருக்கு, அதுல சந்தேகம் இல்ல. ஆனா டி குறைஞ்சதால புழுவெட்டு வந்துச்சா, இல்ல தலையில சொட்டை விழுந்துடுச்சேன்னு தொப்பியும் போட்டுக்கிட்டு வெளிய போகாம வீட்டுக்குள்ளயே கிடந்ததால டி குறைஞ்சுதாங்கிறத அந்த ஆய்வுகளை வச்சு சொல்லிட முடியாது.

இன்னொரு விஷயம் பாருங்க, டி இல்லாம கால் வளைஞ்சு ரிக்கெட்ஸ் வந்த குழந்தைகளுக்குப் பொதுவா முடி கொட்டுறதில்ல. அதே விட்டமினை வாங்கிக்கிற ரிசப்டர்ல பிறவிக் கோளாறு இருக்குற அபூர்வமான குழந்தைகள் பலருக்கு உடம்பு முழுக்கவே முடி போயிடுது. அதாவது முடிக்கு அந்த ரிசப்டர் கட்டாயம் வேணும், ஆனா மாத்திரையா டி ஏத்தினா முடி முளைச்சுடும்னு அர்த்தம் இல்ல. அமெரிக்காவுல 50 வயசு தாண்டின 25,871 பேரை வச்சு நடந்த ஆய்வுல, தினம் 2000 யூனிட் டி சாப்பிட்டவங்களுக்கு புதுசா ஆட்டோஇம்யூன் நோய் (புழுவெட்டு மாதிரி, நம்ம வெள்ளை அணுக்களே நம்ம உடம்பைத் தாக்குற நோய்) வர்றது சுமார் 22 சதவீதம் குறைஞ்சுதுன்னு 2022ல வெளியாச்சு. நல்ல சேதிதான், ஆனா அது வராம தடுக்குற கதை, வந்த சொட்டையில முடி வளக்குற கதை இல்ல.

அதுக்காக 11ஐ அப்படியே விட்டுடாதீங்க, 20க்குக் கீழன்னாலே குறைபாடுதான், எலும்புக்காகவாவது ஏத்தணும். 60,000 யூனிட் மாத்திரையோ பவுடரோ வாரத்துக்கு ஒண்ணு, எட்டு வாரம்னு வழக்கமா எழுதித் தருவோம். வாரத்துக்கு ஒண்ணுன்னு எழுதினதைத் தினமும் சாப்பிட்டு, ரத்தத்துல கால்சியம் ஏறி, வாந்தி மலச்சிக்கல்னு ஆரம்பிச்சு கிட்னி வரைக்கும் கெட்டுப் போறவங்க உண்டு, அதனால பையன்கிட்ட இதை அழுத்திச் சொல்லுங்க. சொட்டைக்கு ஸ்கின் டாக்டர் 4-6 வாரத்துக்கு ஒருதடவை அந்த இடத்துலயே சின்னச் சின்னதா ஸ்டீராய்டு ஊசி போடுவார். ஒண்ணு ரெண்டு சொட்டைன்னா வைத்தியமே இல்லாமலும் ஒரு வருஷத்துக்குள்ள நிறைய பேருக்கு முளைச்சுடும் (முதல்ல வெள்ளையா வந்தா பயப்படாதீங்க). தைராய்டு ஒருதடவை பாத்துடுங்க, நகத்துல குண்டூசியால குத்தின மாதிரி சின்னச் சின்னக் குழி இருக்கான்னும் பாருங்க, இருந்தா டாக்டர்கிட்ட சொல்லுங்க.

கேள்வி: நம்மூர்ல இல்லாத வெயிலா? எனக்கு எப்படி டி குறையும்? – வாசகர், மதுரை

பதில்: வெயில் ஊருக்கு இருக்குங்க, உங்க தோலுக்குப் படணுமே! ஏசி ரூம் கண்ணாடி வழியா வர்ற வெயில்ல டி தயாரிக்கிற கதிர் வராது, காலைல ஆறரை மணி வாக்கிங் வெயில்லயும் அது ரொம்பக் கம்மி. நம்ம கருத்த தோலுக்கு வெள்ளைக்காரங்களை விட அதிக நேரம் வேணும். 11 மணியில இருந்து 2 மணிக்குள்ள கை, முதுகுல கொஞ்ச நேரம் படட்டும். மதுரை சித்திரை வெயில்ல கருகுற வரைக்கும் நின்னுடாதீங்க!

கேள்வி: சின்ன வெங்காயம் தேய்ச்சா புழுவெட்டு சரியாகுமா? – வாசகி, தஞ்சாவூர்

பதில்: சிரிச்சு ஒதுக்குற விஷயம் இல்லம்மா. ஈராக்ல 38 பேரை வச்சு நடந்து 2002ல வெளிவந்த ஒரு சின்ன ஆய்வுல, தண்ணி தடவினவங்களை விட வெங்காயச் சாறு தடவினவங்களுக்கு முடி நல்லா வந்துச்சு. ஆனா ரொம்பக் கம்மி பேர், அதை வச்சு சத்தியம் பண்ண முடியாது. தடவணும்னா சாறு மட்டும் தடவுங்க, ஆத்துத்தும்மட்டிக்காயை வெட்டி ரத்தம் வர்ற வரைக்கும் தேய்க்கிற வேலை வேணாம், புண்ணாயிட்டா அது ஆறுற வரைக்கும் ஊசியும் போட முடியாது.