வனவிலங்குத் துறையில் சேர என்ன வேண்டும்? – வாசகர் கேள்வி பதில்

(பதில் எழுதுபவர் வனவிலங்கு மற்றும் தேசியப் பூங்காத் துறையில், அதாவது பெர்ஹிலித்தானில், கீழ்நிலை ஊழியராகச் சேர்ந்து பேராக்கிலும் பகாங்கிலும் பணியாற்றி ஓய்வு பெற்றவர். சுங்காயில் வசிக்கிறார்.)

கேள்வி: ஐயா, நானும் என் கணவரும் சுங்காய்க்குப் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்கிறோம். மூத்த மகன் ஐந்தாம் படிவத்து எஸ்.பி.எம். தேர்வு முடித்துவிட்டான். வரலாற்றில் 'சி', மலாய்மொழியில் 'டி'. சிறு வயதிலிருந்தே பாம்பு, உடும்பு, ஆந்தை என்று அலைகிறவன். லைனில் யார் வீட்டில் பாம்பு நுழைந்தாலும் இவனைத்தான் கூப்பிடுகிறார்கள். மிருக இலாகாவில் வேலைக்குப் போக வேண்டும் என்கிறான். "அதெல்லாம் நம் ஆட்களுக்குக் கிடைக்காது, பேசாமல் சிங்கப்பூருக்கு அனுப்பிவிடு" என்கிறார் என் அண்ணன். நான் என்ன செய்யட்டும்?
– ஒரு தாய், சுங்காய்

பதில்: தங்கச்சி, உங்கள் அண்ணன் அக்கறையில்தான் சொல்கிறார். ஆனாலும் அந்தப் பேச்சு மகன் காதில் மறுபடி விழ வேண்டாம். நான் பணியில் இருந்த காலத்தில் என்னோடு வேலை செய்த தமிழர்கள் குறைவு. அதை மறைக்க மாட்டேன். யானை வந்தது, புலி மாட்டை அடித்தது என்று தோட்டங்களுக்குப் போகும் போதெல்லாம் அங்குள்ள பிள்ளைகளிடம் "இந்த வேலைக்கு விண்ணப்பம் போட்டாயா தம்பி?" என்று கேட்பேன். "இப்படி ஒரு வேலை இருப்பதே இப்போதுதான் தெரியும் ஐயா" என்பார்கள். உங்கள் மகனுக்கு அது தெரிந்திருக்கிறது. அதுவே பெரிய விஷயம்.

இப்போதைக்கு அவனைத் தடுத்து நிற்பது மலாய்மொழியில் வாங்கிய அந்த 'டி'தான். 'டி' வாங்கினால் தேர்ச்சி, எஸ்.பி.எம். சான்றிதழ் கிடைத்துவிடும். அரசு வேலைக்குக் கேட்பது கிரெடிட், அதாவது குறைந்தது 'சி'. மற்ற பாடங்களில் எவ்வளவு நன்றாகச் செய்திருந்தாலும் இதற்கு விலக்கு எதிர்பார்க்க வேண்டாம். வருத்தப்படவும் வேண்டாம். எஸ்.பி.எம். உலாங்கான் என்னும் மறுதேர்வில் மலாய்மொழியை மட்டும் எடுத்து எழுதலாம். இந்த ஆண்டு அவனுடைய முதல் வேலை அதுதான். தினம் ஒரு மலாய்ப் பத்திரிகைச் செய்தியை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். படித்ததைப் பத்து வரியில் சொந்தமாக எழுதச் சொல்லுங்கள். எழுதியதைத் திருத்தித் தர இடைநிலைப்பள்ளி ஆசிரியர் ஒருவரைப் பிடியுங்கள். கேட்டால் மறுக்கிற ஆசிரியர்கள் குறைவு.

மொழிக்கு ஏன் இத்தனை அழுத்தம் கொடுக்கிறேன் என்றால், இந்த வேலையில் பாதி எழுத்து வேலை. காட்டில் ஒரு கண்ணி அகப்பட்டால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். மோட்டார் சைக்கிள் பிரேக் கம்பியையோ அதைவிடத் தடித்த இரும்புக் கயிற்றையோ சுருக்குப் போட்டு, வளைத்த இளமரத்தில் இழுத்துக் கட்டியிருப்பார்கள். மேலே சருகு தூவியிருக்கும். இரு பக்கமும் கொப்புகளை வெட்டிச் சாய்த்து அடைத்திருப்பார்கள். விலங்கு நடுவில் விட்ட சந்து வழியாகத்தான் போயாக வேண்டும். பார்த்தவுடன் ஆத்திரம் வரும், பிடுங்கி எறியத் தோன்றும். கை வைக்கக் கூடாது. முதலில் இருந்தபடியே படம் எடுக்க வேண்டும். ஜி.பி.எஸ். இடக்குறிப்பு, நேரம், கம்பியின் நீளம், எந்த மரத்தில் எவ்வளவு உயரத்தில் கட்டியிருந்தது, உடன் இருந்தவர்கள் யார், எல்லாவற்றையும் குறித்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகே கழற்றிப் பையில் போட்டு, சீட்டு ஒட்டி, கையெழுத்திட வேண்டும். ஆள் பிடிபட்டால் இவையெல்லாம் நீதிமன்றத்துக்குப் போகும். சீட்டில் ஒரு தேதி பிசகினாலும் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதைப் பிடித்துக்கொள்வார். சீட்டும் அறிக்கையும் வாக்குமூலமும் மலாய்மொழியில்தான். கண்ணி வைத்தவன் தண்டனை பெறுவதும் தப்பிப்போவதும் அந்தத் தாளைப் பொறுத்தது.

இனி விண்ணப்பம். பெர்ஹிலித்தான் மத்திய அரசின் துறை. ஆள் எடுப்பது எஸ்.பி.ஏ. எனப்படும் பொதுச் சேவை ஆணையம். மலேசியக் குடிமகனாக இருக்க வேண்டும், 18 வயது நிறைந்திருக்க வேண்டும். எஸ்.பி.எம். படிப்போடு சேரும் பதவிக்குப் பெம்பாந்து ஹிடுப்பான் லியார் என்று பெயர். வனவிலங்கு உதவியாளர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்பு ஜி19 என்று இருந்த நிலை, 2024 டிசம்பரில் வந்த புதிய சம்பள முறையில் ஜி1 ஆகிவிட்டது. பழைய விளம்பரத்தைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். எஸ்.பி.ஏ. இணையத்தளத்தில் பதிவு செய்ய ஒரு காசும் வேண்டாம். இருநூறு கொடு, முந்நூறு கொடு, உள்ளே ஆள் இருக்கிறது என்று யாராவது வீட்டு வாசலில் வந்து நின்றால் கதவைச் சாத்துங்கள். பதிவு ஓராண்டு செல்லும். முடிவதற்குள் புதுப்பித்துவிட வேண்டும். ஒரு தடவை பதிந்துவிட்டு அழைப்புக்காகக் காத்திருந்தே பிள்ளைகள் இதில் கோட்டை விடுகிறார்கள். பட்டியலில் பெயர் வந்தால் தேர்வு, பிறகு நேர்முகம். உடல் தெம்பும் வேண்டும். முதுகில் அரிசி, கூடாரம், கருவி எல்லாம் சுமந்து நாள்கணக்கில் மேடு ஏறி இறங்குகிற வேலை இது. இப்போதிருந்தே காலையில் ஓடட்டும், மாலையில் கனமான பையோடு நடக்கட்டும்.

நேர்முகத்தில் "ஏன் இந்த வேலை?" என்று கேட்பார்கள். "மிருகம் என்றால் எனக்கு உயிர்" என்று மட்டும் சொன்னால் போதாது; அங்கே வருகிற எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள். அவனுக்குத் தெரிந்ததைச் சொல்லட்டும். தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தடம் பார்க்கத் தெரியும், அதற்கு மதிப்புண்டு. தாப்பிருக்கு முன்காலில் நான்கு விரல், பின்காலில் மூன்று. பன்றித் தடத்தில் பின்குளம்பு இரண்டும் அகலமாகப் பதியும். புலித் தடத்தில் நகம் பதியாது, நாய்த் தடத்தில் பதியும். யானையின் முன்காலடியைச் சுற்றி அளந்து இரண்டால் பெருக்கினால், அதன் தோள் உயரம் ஏறக்குறைய வந்துவிடும். ஒரு கயிற்றை எடுத்துக்கொண்டு தோட்ட எல்லையில் உங்கள் மகனே அளந்து பார்க்கலாம். யானை போய் நெடுநேரம் ஆன பிறகு, பெரியவர் ஒருவர் துணையோடு. சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை, அதாவது 716ஆம் சட்டத்தை, ஒரு தடவையாவது முழுதாகப் படிக்கட்டும். 2022இல் திருத்தம் செய்த பிறகு அதிகபட்ச அபராதம் பத்து லட்சம் ரிங்கிட், சிறை 15 ஆண்டு வரை. நம் காடுகளில் 150க்கும் குறைவான புலிகளே மிஞ்சியிருக்கின்றன என்று தேசியப் புலிக் கணக்கெடுப்பு சொல்லிவிட்டது. இவ்வளவு கடுமையான சட்டம் ஏன் வந்தது என்று அதிலிருந்து அவனுக்கே புரியும்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். லைனில் பாம்பு பிடிப்பதை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். நாகம் கடித்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மலைப்பாம்பைப் பிடித்து வீட்டில் வைத்திருந்தாலோ, உடும்பைத் தூக்கிக்கொண்டு படம் எடுத்துப் போட்டாலோ, உரிமம் இல்லாமல் வனவிலங்கு வைத்திருந்த வழக்கு வரலாம். குற்றப் பதிவு ஒன்று விழுந்துவிட்டால் அரசு வேலைக் கனவு அத்தோடு சரி. அவனுக்கு அந்தக் கை இருக்கிறதென்றால் அங்காத்தான் பெர்தாஹானான் ஆவாம் என்னும் பொதுத் தற்காப்புப் படையில் தொண்டராகச் சேரட்டும். பாம்பு பிடிப்பதை முறையாகக் கற்றவர்கள் அங்கே இருக்கிறார்கள், உரிய கருவிகளும் உண்டு. அந்தத் தொண்டு நேர்முகத்திலும் பேசும்.

எஸ்.பி.ஏ. அழைப்பு வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டாம். வடபேராக்கில் பெலும் தெமெங்கோர் காடுகளில் டபிள்யூ.டபிள்யூ.எப். மலேசியா போன்ற அமைப்புகள் சொந்தமாகக் காவல் குழுக்கள் வைத்திருக்கின்றன. ராயல் பெலும் பூங்காவைக் கவனிப்பது பேராக் மாநிலப் பூங்காக் கழகம். அதன் விளம்பரங்களைத் தனியாகப் பார்த்து வர வேண்டும். அங்கெல்லாம் பூர்வக்குடி மக்களோடு சேர்ந்து நடக்கக் கிடைத்தால் அதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. எனக்குக் காடு கற்றுக்கொடுத்தவர்கள் செமாய் என்னும் பூர்வக்குடிப் பெரியவர்கள்தான். மறுதேர்வு முடிவு வந்ததும் எனக்கு ஒரு வரி எழுதச் சொல்லுங்கள் தங்கச்சி.

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் போட்ட மரவள்ளியைக் காட்டுப்பன்றி தோண்டித் தின்றுவிடுகிறது. கண்ணி வைத்துப் பிடிக்கலாமா? இறைச்சியும் ஆயிற்று அல்லவா?
– ஒரு வாசகர், துரோலாக்

பதில்: கூடாது. கண்ணி வைத்திருப்பதே குற்றம். அதில் என்ன விழுந்தது என்பது அடுத்த கேள்வி. கம்பிக்குப் பன்றி எது, புலிக்குட்டி எது என்று தெரியாது. காட்டுப்பன்றி வேட்டைக்குப் பெர்ஹிலித்தான் உரிமம் வேண்டும், துப்பாக்கிக்குப் போலீஸ் உரிமம் தனியாக வேண்டும். இரண்டும் உள்ளவர்கள் உங்கள் வட்டாரத்தில் இருப்பார்கள். மாவட்ட பெர்ஹிலித்தான் அலுவலகத்தில் புகார் கொடுங்கள். தோட்ட நிர்வாகமும் சேர்ந்து எழுதினால் விரைவாக நடக்கும். எறும்புத்தின்னி கண்ணில் பட்டால் தொடவே வேண்டாம். அது முழுப் பாதுகாப்புப் பெற்ற உயிரினம், யாருக்கும் அதற்கு வேட்டை உரிமம் கிடையாது.

கேள்வி: ஐயா, நான் நான்காம் படிவம், அறிவியல் பிரிவு. பெண்கள் இந்தத் துறையில் சேரலாமா? அப்பா, "ராத்திரி காட்டில் படுக்கிற வேலை பெண் பிள்ளைக்கு எதற்கு?" என்கிறார். பல்கலைக்கழகம் போய்விட்டுச் சேர வழி உண்டா?
– ஒரு மாணவி, பீடோர்

பதில்: தாராளமாகச் சேரலாம் மகளே. துறையில் எல்லா நிலைகளிலும் பெண்கள் இருக்கிறார்கள். என்னோடு ரோந்து வந்த பெண்கள் எனக்கு முன்னால் நடந்தார்கள், பின்னால் அல்ல.

எஸ்.டி.பி.எம். அல்லது டிப்ளோமாவோடு துணை அதிகாரியாகவும், பட்டத்தோடு வனவிலங்கு அதிகாரியாகவும் சேரலாம். உயிரியலை விட்டுவிடாதே. செர்டாங்கில் உள்ள புத்ரா பல்கலைக்கழகத்தில் வனவியல் இருக்கிறது. சபா பல்கலைக்கழகத்தில் இயற்கைப் பாதுகாப்பு உயிரியல் இருக்கிறது. கால்நடை மருத்துவம் படித்தாலும் இந்தத் துறைக்குள் வரலாம். காயம்பட்ட விலங்குகளைக் கொண்டுவந்து பார்க்கிற தேசிய வனவிலங்கு மீட்பு மையம் உன் ஊரிலிருந்து அதிக தூரமில்லை, சுங்காயில்தான் இருக்கிறது. பகாங், லஞ்சாங்கில் கோலா கண்டா யானைப் பாதுகாப்பு மையம் 1989 முதல் நடக்கிறது. தோட்டங்களுக்குள் வந்து அகப்பட்ட யானைகளைப் பழக்கிய யானைகளின் துணையோடு வேறு காட்டுக்குக் கொண்டுபோய்விடும் குழுவுக்கு அதுதான் தளம். விடுமுறையில் அப்பாவையும் அழைத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வா. அவர் மனம் மாறலாம்.

எல்லா வேலையும் காட்டுக்குள் அல்ல. துறைக்குத் தடயவியல் ஆய்வகம் உண்டு. சந்தையில் பிடிபட்ட ஒரு துண்டு இறைச்சி எந்த விலங்கினுடையது என்று மரபணுவைப் பார்த்து அங்கே சொல்வார்கள். தோலும் தலையும் இல்லாமல் வெறும் இறைச்சி மட்டும் அகப்பட்ட வழக்குகளில் அந்த அறிக்கை இல்லையென்றால் குற்றவாளி சிரித்துக்கொண்டே வெளியே போய்விடுவான். கணக்கும் வேதியியலும் உனக்குக் கை கொடுக்கும் என்றால் அந்தப் பக்கமும் யோசி.

கேள்வி: என் தாத்தா 'கேம் வார்டன் துரை' என்று ஒருவரைப் பற்றி அடிக்கடி சொல்வார். அது என்ன உத்தியோகம்? காட்டிலாகாவும் இதுவும் ஒன்றா?
– ஒரு வாசகர், சிலிம் ரிவர்

பதில்: வேறு வேறு. காட்டிலாகா மாநில அரசின் கையில் உள்ளது. மரம், காட்டு எல்லை, வெட்டு உரிமம் ஆகியவை அதன் பொறுப்பு. விலங்குகள் பெர்ஹிலித்தானின் பொறுப்பு. ஆங்கிலேயர் காலத்தில் வேட்டை விலங்குகளைக் கவனிக்க மாநிலங்களில் தனித்தனியாக கேம் வார்டன் இருந்தார். தாத்தா பார்த்தவர் அப்படி ஒருவராக இருப்பார். வேட்டை உரிமம் கொடுப்பதும், பயிரை அழிக்கும் யானையைச் சுடுவதும் அவர்கள் வேலைகளில் அடங்கும்.

அந்தக் காலத்து ஆட்களில் தியடோர் ஹப்பக்கை மறக்கக் கூடாது. கோலாலம்பூர் ரயில் நிலையத்தை வடிவமைத்த கட்டடக் கலைஞரின் சகோதரர். தோட்டத் துரையாகவும் பெரிய வேட்டைக்காரராகவும் இருந்தவர், பிறகு துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுக் காட்டுக்காகப் போராடினார். 1930களில் வனவிலங்கு ஆணையத்தை நடத்தி, பகாங், கிளந்தான், திரங்கானு சுல்தான்களை இணங்கவைத்தார். அப்படி உருவான பூங்காவைத்தான் சுதந்திரத்துக்குப் பிறகு தாமான் நெகாரா என்கிறோம்.

1972ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகு தீபகற்பத்தில் இந்த மாநில அலுவலகங்கள் ஒரே துறையாயின. சபாவும் சரவாக்கும் இதில் சேரவில்லை. சபாவுக்குச் சொந்தமாக வனவிலங்குத் துறை உண்டு, சரவாக்குக்கும் தனிச் சட்டம், தனி நிர்வாகம். அங்கே வேலை தேடுபவர்கள் அந்தந்த மாநில விளம்பரத்தைத்தான் பார்க்க வேண்டும்.