‘இந்தியர்’ என்ற கட்டம்

அன்புள்ள ஐயா,

நான் சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்தவள். தாத்தா, பாட்டி யாழ்ப்பாணத்துக்காரர்கள். இந்தியாவை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. ஆனால் இங்கே அரசுக் கணக்கில் எங்கள் குடும்பம் ‘இந்தியர்’. “நாம ஏம்மா இந்தியர்?” என்று மகள் கேட்டாள். ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. மக்களை இப்படி இனவாரியாகப் பிரித்து வைப்பது தவறு என்று நினைக்கிறீர்களா?

வாசகி, சிங்கப்பூர்

அன்புள்ள வாசகிக்கு,

சிங்கப்பூர் அரசு தன் மக்களைச் சீனர், மலாய்க்காரர், இந்தியர், மற்றவர் என்று நான்கு கட்டங்களில் வைத்து எண்ணுகிறது. இந்தியர் கட்டத்தில் தமிழர், மலையாளி, சீக்கியர், பாகிஸ்தானியர், வங்காளி எல்லோரும் உண்டு. இலங்கைத் தமிழரும் சிங்களவரும்கூட அதே கட்டத்தில்தான். இது பழைய ஏற்பாடு. 1891-இல் ஆங்கிலேயர் எடுத்த கணக்கெடுப்பில் ‘தமிழரும் பிற இந்தியக் குடிகளும்’ என்று ஒரு தலைப்பு இருந்தது. அப்புறம் அது ‘இந்தியர்’ என்று சுருங்கிவிட்டது.

எண்ணுவதையே தவறு என்று சொல்ல மாட்டேன். எண்ணாமல் இருந்தால் யாருடைய பிள்ளைகள் படிப்பில் பின்தங்குகிறார்கள் என்பதே தெரியாமல் போகும். இந்தியப் பிள்ளைகளின் தேர்ச்சி குறைவாக இருந்ததைப் பார்த்துத்தான் 1991-இல் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டா தொடங்கப்பட்டது.

என் மனம் ஒப்பாதது வீடு விஷயத்தில். 1964-இல் சீனருக்கும் மலாய்க்காரருக்கும் இடையே கலவரம் நடந்த ஊர் அது. ஒவ்வோர் இனமும் தனித்தனிப் பேட்டையாக ஒதுங்கிவிடக் கூடாது என்று 1989-இல் இன ஒருங்கிணைப்புக் கொள்கையைக் கொண்டுவந்தார்கள். நல்ல நோக்கம், அதை மதிக்கிறேன். அதன்படி அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) கட்டிய ஓர் அடுக்குமாடி புளோக்கில் சீனர் 87 விழுக்காடு, மலாய்க்காரர் 25, இந்தியரும் மற்றவரும் சேர்த்து 15 வரை இருக்கலாம். (முதலில் 13 என்று இருந்தது, 2010-இல் உயர்த்தினார்கள்.) ஓர் இனத்தின் வரம்பு நிரம்பிவிட்டால், அந்த இனத்தவர் தம் இனத்தவரிடமிருந்து மட்டுமே அங்கே வீடு வாங்க முடியும்.

கேட்க எல்லோருக்கும் ஒரே விதி போலத்தான் இருக்கிறது. ஒரு புளோக்கில் சீனர் வரம்பு நிரம்பிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருக்கும் சீனர் தன் வீட்டை இன்னொரு சீனருக்கு விற்கலாம், எண்ணிக்கை மாறாது. பக்கத்து வீட்டுத் தமிழர் சீனருக்கு விற்க முடியாது. 2020 கணக்கெடுப்பில் நாட்டில் சீனர் 74.3 விழுக்காடு, இந்தியர் 9. அப்படியானால் வாங்க வரக்கூடியவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அவர் கதவு மூடியே இருக்கிறது. வீடு மாதக்கணக்கில் விலைபோகாமல் கிடக்கும், கடைசியில் விலையைக் குறைத்துத்தான் தள்ளிவிட வேண்டும். எல்லோரும் கலந்து வாழ்வதற்கான செலவைச் சிறுபான்மைக் குடும்பங்களின் தலையில் கட்டுவது நியாயமே இல்லை. மிகவும் சிரமப்படுகிறவர்களின் வீட்டைக் கழகமே திரும்ப வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு 2022-இல்தான் வந்தது. முப்பது வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது!

இன்னொன்றையும் பாருங்கள். 2017 அதிபர் தேர்தல் மலாய்ச் சமூகத்துக்கு ஒதுக்கப்பட்டது. அதிபரான ஹலிமா யாக்கோப்பின் தந்தை இந்திய முஸ்லிம். சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது. மலாய்ச் சமூகத்தவர் என்று தன்னைக் கருதுகிறவரும், அந்தச் சமூகம் பொதுவாக ஏற்றுக்கொள்கிறவரும் மலாய்ச் சமூகத்தவர்தான் என்கிறது அது. எவ்வளவு பக்குவமான விளக்கம்! அதிபர் பதவிக்கு இப்படி யோசிக்கத் தெரிந்த அரசு, மூன்றறை வீட்டை விற்கப் போகிறவரிடம் மட்டும் பதிவில் இருக்கும் இனத்தைத்தான் பார்க்கிறது. கலப்புத் திருமணப் பிள்ளைகள் 2011 முதல் இரண்டு இனங்களையும் சேர்த்துப் பதியலாம். ஆனால் வீட்டுக் கணக்கில் முதலில் எழுதிய இனம்தான் செல்லும்.

உங்கள் மகளுக்கு முதலில் யாழ்ப்பாணத்துத் தாத்தாவின் கதையைச் சொல்லுங்கள். இந்த நான்கு கட்டங்களின் கதையை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.

அன்புடன்