குதிரை போகும் தூரம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற மாதம் பென்சில்வேனியாவில் மகன் வீட்டில் இருந்தேன். ஒரு நாள் லங்காஸ்டர் பக்கம், பழைய முறையில் வாழும் கிறிஸ்தவப் பிரிவினரான ஆமிஷ் மக்களின் ஊர்களுக்குக் கூட்டிப்போனான். சாம்பல் நிறக் குதிரை வண்டிகள், கொடியில் வரிசையாகக் காயும் பூப்போடாத துணிகள், எல்லாமே மனதுக்குப் பிடித்திருந்தது. ஆனால் ஒன்று உறுத்தியது. கார் வைத்துக்கொள்ள மாட்டார்களாம், வாடகை வேனில் எட்டுப் பேர் வந்து இறங்கினார்கள். வீட்டுக்குக் கரண்ட் வேண்டாமாம், கொட்டகையில் டீசல் இஞ்சின் ஓடுகிறது. வீட்டுக்குள் போன் கூடாதாம், பாதை முனையில் சின்ன மரக்கூண்டு கட்டி அதில் போன் வைத்திருக்கிறார்கள். ‘எல்லாம் வேஷம்மா’ என்றான் மகன். எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை, அவனுக்குப் பதில் சொல்லவும் தெரியவில்லை. அந்த வீட்டுப் பெண்கள் கரண்ட் இல்லாமல் எப்படித் துணி துவைக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளவும் ஆசை. நவம்பரில் மறுபடி போகிறேன்.

ச.,
திருப்பூர்

அன்புள்ள ச.,

நீங்கள் பார்த்த மூன்றுக்கும் விடை அவர்களுடைய ஞாயிற்றுக்கிழமையில் இருக்கிறது. அங்கிருந்து தொடங்கினால் வேனும் இஞ்சினும் போன் கூண்டும் தானாக விளங்கும்.

ஆமிஷ்களுக்குத் தேவாலயக் கட்டடம் கிடையாது. ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு, யாராவது ஒருவர் வீட்டில் வழிபாடு. 25 முதல் 40 குடும்பங்கள் சேர்ந்தது ஒரு சபை. ஆண்டுக்கு 26 வழிபாடு என்று கணக்குப் போட்டால் ஒரு வீட்டுக்கு வருஷத்தில் ஏறக்குறைய ஒரு முறை வரும். சபைக்குப் பொதுவாக ஒரு பெஞ்சு வண்டி உண்டு. பெட்டி போன்ற நீள வண்டி, உள்ளே முதுகுச் சாய்மானம் இல்லாத மர பெஞ்சுகளும் பாட்டுப் புத்தகங்களும் இருக்கும். அடுத்த வழிபாடு எந்த வீட்டிலோ அந்த வீட்டுக்கு வண்டி முன்கூட்டியே போய்ச் சேரும். பழைய வீடுகளில் கூடத்துக்கும் அடுத்த அறைகளுக்கும் நடுவே அகலக் கதவுகள் வைத்திருப்பார்கள், திறந்துவிட்டால் ஒரே கூடம். இப்போது பலர் நிலவறையிலோ பட்டறையிலோ நடத்துகிறார்கள்.

காலை எட்டு, எட்டரைக்குத் தொடங்கினால் மூன்று மணி நேரம். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். பாட்டுப் புத்தகத்தின் பெயர் ஆவுஸ்புண்ட். அதிலுள்ள பழைய பாடல்கள் 1564ல் அச்சேறியவை. பாஸாவ் கோட்டைச் சிறையில், மதத்துக்காக அடைபட்டவர்கள் எழுதிய பாடல்கள் அதன் மையம். ராகக் குறிப்பு எதுவும் அச்சில் இல்லை, காதால் கேட்டே வந்திருக்கிறது. இரண்டாவது பாட்டு எப்போதும் ‘லோப்லீட்’ என்ற துதிப்பாட்டு. நான்கே பத்திகள்தான், பாடி முடிக்க இருபது நிமிஷம் ஆகும். ஒவ்வொரு வரியின் முதல் அசையையும் ஒருவர் தனியாக இழுத்து எடுப்பார், பிறகு மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். வாத்தியம் கிடையாது. எல்லோருக்கும் ஒரே குரல், ஒரே ராகம்.

முடிந்ததும் அதே பெஞ்சுகளை இரண்டிரண்டாகச் சேர்த்துச் சட்டத்தில் பொருத்தினால் சாப்பாட்டு மேஜை. பந்தி பந்தியாக உட்காருவார்கள். ரொட்டி, கடலை வெண்ணெயில் இனிப்புப் பாகு குழைத்த தடவல், ஊறுகாய், பீட்ரூட், காப்பி, ஆப்பிள் வற்றல் வைத்துச் சுட்ட பை. லங்காஸ்டரில் எந்த வீட்டுக்குப் போனாலும் ஏறக்குறைய இதேதான். போன தடவை அவர்கள் வீட்டில் என்ன போட்டார்கள், நாம் என்ன போடுவது என்று யாரும் தவிக்க வேண்டியதில்லை. சாதாரண விஷயம்போலத் தெரியும். கல்யாண வீட்டு இலைக்காகக் கடன் வாங்கியவர்களைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

இந்தச் சபைக்கு எல்லை உண்டு. ஒரு சாலை, ஒரு ஓடை என்று அடையாளம் வைத்துப் பிரித்திருப்பார்கள். உங்கள் வீடு எந்த எல்லைக்குள் இருக்கிறதோ அதுதான் உங்கள் சபை. அந்தப் போதகர் பேச்சு நன்றாக இருக்கிறது, அங்கே போகிறேன் என்று போக முடியாது. ஆள் பெருகி வீடு கொள்ளாமல் போனால் சபையை இரண்டாகப் பிரிப்பார்கள். எல்லோரும் ஒரு வீட்டுக்குள் உட்கார முடிய வேண்டும், குதிரை வண்டியிலோ நடந்தோ வந்துசேர முடிய வேண்டும். மற்ற எல்லா விதிகளும் இந்த அளவைக் காப்பதற்காக ஏற்பட்டவை என்பது என் எண்ணம்.

இப்போது காருக்கு வருவோம். சொந்தக் கார் இருந்தால் நினைத்த நேரத்தில் கிளம்பலாம், தனியாகப் போகலாம், பக்கத்து வீட்டுக்காரனைப் பிடிக்காவிட்டால் முப்பது மைல் தள்ளி நண்பர்களைத் தேடிக்கொள்ளலாம். வாடகை வேன் அப்படியில்லை. ஓட்டுபவர் வெளி ஆள். ஆமிஷ் அல்லாத எல்லோரையும் அவர்கள் ‘இங்கிலீஷ்காரர்’ என்றுதான் சொல்வார்கள். மைலுக்கு இவ்வளவு என்று காசு, முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும், செலவைப் பங்கிட இன்னும் நாலு பேரைச் சேர்க்க வேண்டும். நீங்கள் பார்த்த எட்டுப் பேர் அப்படிச் சேர்ந்தவர்களாக இருக்கலாம். லங்காஸ்டரில் ஞாயிற்றுக்கிழமை வேன் வைப்பதும் கூடாது. அங்கே சைக்கிள்கூட ஓட்டுவதில்லை, நின்றுகொண்டு காலால் உந்தும் ஸ்கூட்டர்தான். சைக்கிளில் இஞ்சின் இல்லையே என்று கேட்கலாம். ஆனால் அதில் வெகுதூரம் போய்விடலாம். இந்தியானாவில் பல சபைகள் சைக்கிளை அனுமதிக்கின்றன. ஒவ்வொரு வட்டாரமும் தனக்கு எது தாங்கும் என்று தானே முடிவு செய்கிறது.

குதிரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். வண்டி இழுப்பவை பெரும்பாலும் ஸ்டாண்டர்ட்பிரெட் இனம், பந்தயத்தில் ஓடி ஓய்ந்தவை. மணிக்கு 13 முதல் 19 கிலோமீட்டர் போகும். ஓடக் கற்றுத்தர வேண்டியதே இல்லை, சேணமும் பழகியதுதான். சிரமம் நிற்கப் பழக்குவதில். சாலைச் சந்திப்பில் லாரி போகும்வரை அசையாமல் நிற்காத குதிரையைக் குடும்பத்தோடு வெளியே ஓட்ட முடியாது. தார்ச் சாலையில் வழுக்காமலிருக்க லாடத்தில் கடினமான உலோகப் பொட்டுகள் வைத்து அடிப்பார்கள். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை லாடம் மாற்ற வேண்டும், தள்ளிப்போட்டால் குளம்பு வளர்ந்து நடை கெடும். வண்டியின் எல்.இ.டி. விளக்கும் திரும்பும் சமிக்ஞையும் பேட்டரியில் எரிபவை. மெதுவாகப் போகும் வண்டி என்று எச்சரிக்கப் பின்னால் மாட்டும் ஆரஞ்சு முக்கோணத்தை ஸ்வார்ட்ஸென்ட்ரூபர் என்ற கடுமையான பிரிவினர் ஏற்பதில்லை. கண்ணைப் பறிக்கும் நிறம் ஆடம்பரம் என்று சொல்லி, ஒளி திருப்பும் நாடாவும் லாந்தரும் வைக்கிறார்கள். இது எனக்கு உடன்பாடில்லை, இருட்டில் பின்னால் வரும் காரிடம் உயிரைப் பணயம் வைக்கும் காரியம்.

மின்சாரத்தைப் பொறுத்தவரை அவர்கள் மறுப்பது கம்பியை. 1920ஐ ஒட்டி லங்காஸ்டர் சபைகள் வெளியிலிருந்து வீட்டுக்கு மின்கம்பி இழுப்பதில்லை என்று முடிவெடுத்தன. கம்பி வந்துவிட்டால் அதில் எதைச் செருகுவது என்பதற்கு முடிவே இல்லை, பின்னாலேயே ரேடியோவும் தொலைக்காட்சியும் வரும். பேட்டரி அப்படியில்லை, தீர்ந்துபோகும். தீரும் பொருளுக்கு அளவு தானாக வந்துவிடும். குளிர்பெட்டி புரொப்பேன் எரிவாயுவில் ஓடும். பட்டறைக்குக் காற்று. நீங்கள் பார்த்த டீசல் இஞ்சின் பெரும்பாலும் ஒரு கம்ப்ரஸரை ஓட்டும், அழுத்திய காற்று பெரிய தொட்டியில் சேர்ந்து குழாய் வழியாகப் பட்டறைக்கும் சமையலறைக்கும் போகும். ரம்பம், துளைப்பான், தையல் இயந்திரம், மாவு பிசையும் இயந்திரம் எல்லாவற்றிலும் மின் மோட்டாரைக் கழற்றிவிட்டுக் காற்று மோட்டார் பொருத்தியிருப்பார்கள். டீசலின் சக்தியில் பெரும்பகுதி வழியிலேயே வெப்பமாக வீணாகிறது, ஆகவே சிக்கனத்துக்காகச் செய்வதில்லை என்பது தெளிவு. பராமரிப்பும் உண்டு. அழுத்தும்போது காற்றிலுள்ள ஈரம் தொட்டியின் அடியில் தண்ணீராக இறங்கும். அதைத் தவறாமல் வடிக்காவிட்டால் தொட்டி துருப்பிடிக்கும், பனிக்காலத்தில் குழாய் உறைந்து அடைத்துக்கொள்ளும்.

துணி துவைப்பதைக் கேட்டிருந்தீர்கள். திங்கட்கிழமைதான் துவைக்கும் நாள். மெஷின் இருக்கிறது, பழைய பாணி மெஷின். உருண்டைத் தொட்டி, மேலே துணி பிழிய இரண்டு ரப்பர் உருளைகள். அமெரிக்காவில் மேடாக் நிறுவனம் இதைச் செய்வதை 1983ல் நிறுத்திவிட்டது, பழையவற்றைப் பழுதுபார்த்தே ஓட்டுகிறார்கள். பெட்ரோல் இஞ்சினிலோ காற்று மோட்டாரிலோ ஓடும். சுடுதண்ணீரும் சோப்பும் ஒருமுறைதான் நிரப்புவார்கள். முதலில் வெள்ளைத் துணி, பிறகு வெளிர் நிறம், பிறகு அடர் நிறம், கடைசியில் தொழுவத்தில் போட்டிருந்த கால்சட்டைகள். இந்த வரிசை மாறினால் வெள்ளைத் துணியெல்லாம் பாழ். ஒவ்வொரு துணியும் உருளை வழியாக அலசும் தொட்டிக்கு, அங்கிருந்து மறுபடி உருளை வழியாகக் கொடிக்கு. பொத்தானை உள்பக்கம் மடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் உருளையில் உடையும். மொத்தமாகத் திணித்தால் சுற்றிக்கொண்டு சிக்கும். விரல் போய்விட்டால் உடனே உருளைகளை விலக்க மேலே ஒரு தட்டுக்கட்டை இருக்கிறது, அது வேலை செய்கிறதா என்று முதலில் பார்க்காமல் ஓட்டக்கூடாது. கொடி இரண்டு கப்பிகளில் ஓடுகிறது, ஒன்று வீட்டுத் திண்ணையில், மற்றது உயரக் கம்பத்திலோ கொட்டகை உச்சியிலோ. ஒரே இடத்தில் நின்றபடி துணியை மாட்டி மாட்டித் தள்ளிவிடலாம்.

அந்தத் துணிகளில் இன்னொன்றும் கவனித்திருக்கலாம். பெண்களின் மேல்துண்டையும் முன்னால் கட்டும் ஏப்ரனையும் குண்டூசியால் குத்திக்கொள்கிறார்கள். உடம்பு இளைத்தாலும் பெருத்தாலும், பிள்ளை உண்டானாலும் அதே உடையை ஊசியை நகர்த்திப் போட்டுக்கொள்ளலாம். ஆண்களின் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டில் கொக்கிகள். கல்யாணம் ஆனதும் தாடி வளர்ப்பார்கள், மீசை வைக்க மாட்டார்கள். மீசை அந்தக் காலத்து ஐரோப்பியப் பட்டாளத்தின் அடையாளம், இவர்கள் ஆயுதம் எடுக்காதவர்கள்.

போனும் ஏறக்குறைய காரின் கதைதான். 1910ஐ ஒட்டி வீட்டிலிருந்து விலக்கினார்கள். மருத்துவரையும் கால்நடை வைத்தியரையும் கூப்பிட வேண்டுமே என்று பின்னால் பாதை முனையில் கூண்டு வந்தது, சில குடும்பங்களுக்குப் பொதுவாக ஒன்று. சாப்பாட்டு நேரத்தில் அது வீட்டுக்குள் மணியடிக்காது. வேண்டும்போது நடந்துபோய்ப் பேசலாம், பதிவான செய்திகளைக் கேட்கலாம். பேசுவதற்கு ஒருவர் நடக்க வேண்டியிருந்தால் எவ்வளவு பேசுவார் என்று யோசித்துப் பாருங்கள்.

இதையெல்லாம் யார் முடிவு செய்கிறார்கள்? ‘ஓர்ட்னுங்’ என்ற ஒழுங்குமுறை, பெரும்பாலும் எழுதப்படாதது. வசந்தத்திலும் இலையுதிர்காலத்திலும், திருவிருந்து என்ற அப்பம் பகிரும் சடங்குக்கு இரண்டு வாரம் முன்பு, சபை கூடி அதை எடுத்துப் பேசும். ஒவ்வொருவரிடமும் சம்மதமா என்று கேட்பார்கள். மனஸ்தாபம் தீராவிட்டால் திருவிருந்தே தள்ளிப்போகும். போதகர் சம்பளமில்லாதவர், படித்துப் பட்டம் வாங்கியவரும் அல்ல. சபையார் சொன்ன பெயர்களின் எண்ணிக்கைக்கு ஏற்பப் பாட்டுப் புத்தகங்களை வைப்பார்கள், ஒன்றுக்குள் ஒரு சீட்டு இருக்கும். அது யார் கையில் வருகிறதோ அவர் ஆயுளுக்கும் போதகர்.

இதற்கு விலையும் உண்டு, அதை மறைத்து எழுதினால் உங்களுக்கு நியாயம் செய்தவன் ஆகமாட்டேன். படிப்பு எட்டாம் வகுப்போடு சரி, 1972ல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே அதற்கு உரிமை கொடுத்தது. பெரும்பாலும் 18 வயதுக்கு மேல், தானே விரும்பி ஞானஸ்நானம் எடுக்கிறார்கள். எடுக்காமல் வெளியேறினால் தண்டனை இல்லை. எடுத்தபின் வெளியேறினால் ஒதுக்கிவைப்பார்கள், பெற்ற தாயோடு ஒரே மேஜையில் சாப்பிட முடியாது. அந்த வயதில் உயர்நிலைப் பள்ளியும் முடிக்காமல் வெளியுலகில் நிற்பது சின்னத் துன்பமில்லை. சிறு எண்ணிக்கையில் வந்த முன்னோர்களிடமிருந்து பெருகியவர்கள் என்பதால் சில அரிய பரம்பரை நோய்களும் அவர்களிடம் அதிகம். லங்காஸ்டர் பக்கத்து ஸ்ட்ராஸ்பர்க்கில் 1989ல் இதற்கென்றே குழந்தைகள் மருத்துவ நிலையம் தொடங்கப்பட்டது.

குதிரை எல்லையும் இப்போது உள்ளிருந்தே ஆட்டம் காண்கிறது. நிலத்தின் விலை ஏறிவிட்டது, ஜனத்தொகை இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. விவசாயத்தை நம்பி வாழும் குடும்பங்கள் பாதிக்கும் குறைவு. வடக்கு இந்தியானாவில் ஆண்கள் பலர் சோற்றுப் பெட்டியோடு பயணத்தில் உள்ளேயே தங்கும் வீட்டு வண்டிகள் தயாரிக்கும் ஆலைக்குப் போகிறார்கள், பகலெல்லாம் பிள்ளைகள் கண்ணில் அப்பா இல்லை. செல்போன் இன்னும் கடினம், அதைக் கூண்டில் நிறுத்திவைக்க முடியாது. எனக்கு இவற்றைப் பற்றித்தான் கவலை, டீசல் இஞ்சினைப் பற்றியல்ல.

நவம்பரில் போகிறீர்கள் அல்லவா? லங்காஸ்டரில் அது கல்யாண மாதம், அறுவடை முடிந்த பிறகு பெரும்பாலும் செவ்வாயும் வியாழனும்தான் முகூர்த்தம். கோழியும் ரொட்டித் துண்டுகளும் கலந்த ‘ரோஷ்ட்’, பால்விட்டுச் சமைத்த செலரித் தண்டு இல்லாமல் விருந்து கிடையாது. முந்நூறு பேருக்குச் சமைக்க வேண்டும் என்பதால் கோடையிலேயே செலரியைக் கூடுதலாக நட்டுவிடுவார்கள். ஒரு வீட்டுத் தோட்டத்தில் செலரி வழக்கத்துக்கு மேல் வரிசை வரிசையாக நின்றால் அங்கே பெண் இருக்கிறாள் என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் ஊகித்துக்கொள்வார்கள். முகத்தைப் படம் எடுக்காதீர்கள், அவர்களுக்குப் பிடிக்காது. மகனிடம் ஒன்று சொல்லுங்கள்: வண்டிக்குப் பின்னால் போகும்போது ஹாரன் அடிக்க வேண்டாம். மேட்டில் வேகத்தைக் குறைத்து, எதிரே முழுச் சாலையும் தெரிந்த பிறகு நன்றாக விலகித் தாண்டட்டும். வண்டிக்கு முன்னால் உடனே திரும்பி நுழையவும் கூடாது, குதிரையால் காரைப்போலச் சட்டென்று நிற்க முடியாது.