கடைக்கு வராத கருவிகள்: கான்செப்ட் டிசைன் பற்றிய கேள்வி பதில்

சுருட்டி வைக்கும் லேப்டாப், ஊடுருவித் தெரியும் போன், உள்ளங்கையில் படம் காட்டும் பொத்தான் என்று எதிர்காலக் கருவிகளின் படங்கள் தினமும் கண்ணில் படுகின்றன. தயாரிப்புக்குப் போகாமல் யோசனையாக மட்டும் வரையும் இந்த மாதிரி வடிவங்களைத்தான் கான்செப்ட் டிசைன் என்கிறோம். அவற்றைப் பற்றிக் கேட்க நினைப்பதைக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். பொருள் வடிவமைப்புதான் என் தொழில். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டு மற்றவற்றுக்குப் பதில் எழுதியிருக்கிறேன்.

சார், யாரும் தயாரிக்கப் போவதில்லை என்று தெரிந்தே ஒரு போனை வரைவதில் என்ன பயன்? படம் அழகாக இருக்கிறது, அவ்வளவுதானே?

அதற்கு மேலும் இருக்கிறது. 1972-இல் கலிஃபோர்னியாவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பார்க் (PARC) ஆய்வுக்கூடத்தில் இருந்த ஆலன் கே, டைனாபுக் என்ற கருவியைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பிள்ளைகள் கையில் தூக்கிக்கொண்டு போகக்கூடிய, நோட்டுப் புத்தக அளவுக் கணினி அது. மேலே தட்டையான திரை, கீழே விசைப்பலகை. அப்போது அந்த மாதிரித் திரையும் கிடையாது, அதை ஓட்டும் பேட்டரியும் கிடையாது. அட்டையில்தான் மாதிரி செய்தார்கள்.

டைனாபுக் கடைசிவரை தயாராகவில்லை. ஆனால் அதற்குப் போகும் வழியில் ஓர் இடைக்காலப் படியாகக் கருதப்பட்ட ஆல்ட்டோ கணினி 1973-இல் அதே ஆய்வுக்கூடத்தில் உருவானது. மவுஸ், ஜன்னல் ஜன்னலாகத் திறக்கும் திரை எல்லாம் அதிலிருந்து வளர்ந்துதான் நம் மேசைக்கு வந்தன. அந்த அட்டை மாதிரி, எங்கே போகிறோம் என்பதை எல்லோருக்கும் ஒரே மாதிரி காட்டியது. நல்ல கான்செப்ட் செய்ய வேண்டிய வேலை அதுதான்.

ஒரு கான்செப்ட் எனக்கு வந்தால், யார் கையில் இருக்கப்போகிறது, அவருடைய எந்தச் சிரமத்தைத் தீர்க்கிறது என்று முதலில் தேடுவேன். அதற்குப் பதில் இல்லாத படம் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் என்னை இழுப்பதில்லை.

முழுக்க முழுக்கக் கண்ணாடி போன் எப்போது வரும்?

முழுக்க வராது. திரையை ஊடுருவித் தெரியும்படி செய்யலாம். லெனோவோ 2024-இல் அப்படி ஒரு லேப்டாப் மாதிரியைக் காட்டியது. அதில் விசைப்பலகைப் பகுதிகூட ஊடுருவித் தெரிந்தது, ஆனால் உள்பாகங்கள் இருந்த அடிப்பகுதி அப்படி இல்லை. பேட்டரி, சிப், கேமரா சென்சார் எல்லாம் ஒளி புகாத பொருள்கள். படங்களில் அவை இருப்பதே இல்லை, கவனித்துப் பாருங்கள். அப்புறம், நீங்கள் படிக்கும் செய்தியை எதிரே உட்கார்ந்திருப்பவரும் பார்ப்பாரே, அது வேண்டுமா?

பின்பக்கம் முழுக்க சோலார் வைத்தால் சார்ஜரே வேண்டாமே, அண்ணா? ஏன் ஒருவரும் செய்வதில்லை?

செய்திருக்கிறார்கள். சாம்சங் 2009-இல் சோலார் குரு என்ற போனை இந்தியாவிலேயே விற்றது. அது சின்ன பட்டன் போன். இன்றைய போனுக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

பின்பக்கம் 7 செ.மீ. அகலம், 15 செ.மீ. உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உச்சி வெயில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 1,000 வாட் தரும். அந்தச் சின்னப் பரப்பில் விழுவது ஏறக்குறைய 10 வாட். நல்ல சோலார் தகடு அதில் ஐந்தில் ஒரு பங்கை மின்சாரமாக்கும், அதாவது 2 வாட். 5,000 எம்.ஏ.எச். பேட்டரி நிறைய 19 வாட்-மணி வேண்டும். ஆக, ஒன்பது பத்து மணி நேரம் உச்சி வெயில் நேராக விழ வேண்டும். நம் ஊரில்கூட அவ்வளவு நேரம் உச்சி வெயில் இருக்காது. அதோடு, போனை வெயிலில் வைத்தால் சூட்டில் பேட்டரியின் ஆயுள் குறையும். வீட்டுக்குள் விழும் வெளிச்சத்தில் கிடைப்பது இன்னும் எத்தனையோ மடங்கு குறைவு.

ஆனால் இந்த யோசனை வேறு இடத்தில் பலித்திருக்கிறது. கால்குலேட்டர், கைக்கடிகாரம், 2021 முதல் சாம்சங்கின் சில டிவி ரிமோட்டுகள். மின்சாரம் துளித்துளியாகச் செலவாகும் கருவியைத் தேடிப் பிடியுங்கள், அங்கே சோலார் அருமையாக வேலை செய்யும்.

பாகம் பாகமாகக் கழற்றி மாட்டும் போன் என்று 2013-இல் ஒரு வீடியோ பார்த்துக் காத்திருந்தேன். அது ஏன் வரவில்லை?

நானும் காத்திருந்தவன்தான். நெதர்லாந்தின் டேவ் ஹாக்கன்ஸ் வெளியிட்ட ஃபோன்பிளாக்ஸ் வீடியோ அது. கேமரா போனால் கேமராக் கட்டையை மட்டும் மாற்று, பேட்டரி தேய்ந்தால் அதை மட்டும் மாற்று. போனையே தூக்கிப் போடாதே. அடுத்த மாதமே மோட்டோரோலா தன்னுடைய ப்ராஜெக்ட் ஆராவை அறிவித்தது. அப்போது மோட்டோரோலா கூகுளிடம் இருந்தது. 2016-இல் கூகுள் அதைக் கைவிட்டது.

காரணம் உள்ளே இருக்கிறது. பழுதான ஒரு பழைய போன் கிடைத்தால், பேட்டரியை ஆணியால் குத்திவிடாமல் கவனமாகத் திறந்து பாருங்கள். ஒரே ஒரு பச்சைப் பலகையில் சிப்புகள் நகம் நுழைய இடமில்லாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். மீதி இடத்தை எல்லாம் பேட்டரி பிடித்துக்கொண்டிருக்கும். இதையே கட்டை கட்டையாகப் பிரித்தால் ஒவ்வொரு கட்டைக்கும் தனிக் கூடு, தனி இணைப்பான், கழன்று விழாமல் பிடிக்க ஒரு பூட்டு வேண்டும். அவ்வளவும் பேட்டரி இருந்த இடத்தைத் தின்னும். போன் தடிக்கும், கனக்கும், சார்ஜும் சீக்கிரம் இறங்கும். கீழே விழுந்தால் முதலில் பழுதாவதும் அந்த இணைப்பான்கள்தான்.

ஆனால் யோசனை சாகவில்லை. அதே நாட்டின் ஃபேர்ஃபோன் நிறுவனம் 2015 முதல், திருப்புளியை வைத்து வீட்டிலேயே பாகம் மாற்றக்கூடிய போன்களை விற்கிறது. ஓடும்போதே கழற்றி மாட்டும் ஆசையை விட்டுவிட்டு, பழுதானால் மாற்றலாம் என்ற தேவையை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய பேட்டரிச் சட்டமும் 2027 பிப்ரவரி முதல் கையடக்கக் கருவிகளின் பேட்டரியைப் பயன்படுத்துபவரே மாற்றும்படி இருக்க வேண்டும் என்கிறது, சில விலக்குகளோடு. ஃபோன்பிளாக்ஸ் கேட்டதில் முக்கால்வாசி அதுதான் என்பேன்.

நோக்கியா மார்ஃப் ஞாபகம் இருக்கிறதா?

நன்றாக இருக்கிறது. 2008-இல் நோக்கியாவும் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமும் சேர்ந்து காட்டிய கான்செப்ட் கருவி அது. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்திலும் வைத்தார்கள். வளைத்துக் கையில் கட்டிக்கொள்ளலாம், தேன் சிந்தினாலும் ஒட்டாது, மேற்பரப்பே வெயிலில் சார்ஜ் ஏற்றிக்கொள்ளும் என்று ஒரே கருவியில் எல்லா ஆசைகளும். மடங்குவது மட்டும் 2019-இல் கேலக்ஸி ஃபோல்டில் வந்து சேர்ந்தது. மற்றவை தனித்தனி ஆய்வுகளாகத் தொடர்கின்றன.

மடிக்கும் போன்களில் நடுவில் ஒரு கோடு விழுகிறதே, அது போகவே போகாதா?

குறைந்துகொண்டே வருகிறது. ஏன் விழுகிறது என்று பார்ப்போம். எதை மடித்தாலும் வெளிப்பக்கம் இழுபடும், உள்பக்கம் நசுங்கும். தடிமன் கூடக்கூட இழுவையும் கூடும். அரை மில்லிமீட்டர் கண்ணாடியை ஒன்றரை மில்லிமீட்டர் ஆரத்தில் வளைக்கப் பார்த்தால் வெளிப்பரப்பு 17 சதவீதம் நீள வேண்டிவரும்; அதற்கு வெகு முன்பே உடைந்துவிடும். அதே கண்ணாடியை 0.03 மி.மீ. அளவுக்கு மெல்லிசாக்கினால் 1 சதவீதம்தான் நீள வேண்டும். 2020-இல் கேலக்ஸி இசட் ஃபிளிப்பில் வந்தது அந்த அளவு மெல்லிய கண்ணாடி. ஆனால் அவ்வளவு மெல்லிசான கண்ணாடி நகம் பட்டாலே கெடும் என்பதால் மேலே ஒரு பிளாஸ்டிக் படலம் ஒட்டுகிறார்கள். நீங்கள் விரலால் தடவி உணரும் பள்ளம் அந்த அடுக்குகள் எல்லாம் சேர்ந்து தருவது. இப்போதைய கீல்கள் மடிப்பை நீர்த்துளி வடிவில் விரித்து ஆரத்தைக் கூட்டுகின்றன, அதனால் கோடு மங்குகிறது.

சுருளும் திரையில் ஆரம் பெரிதாக இருப்பதால் இந்தத் தொல்லை குறைவு. எல்ஜி 2021 ஜனவரியில் சுருளும் போனைக் காட்டியது, ஆனால் சில மாதங்களிலேயே போன் தொழிலை விட்டே விலகிவிட்டது. லெனோவோவின் சுருளும் லேப்டாப் 2025-இல் நிஜமாகவே விற்பனைக்கு வந்தது. 14 அங்குலத் திரை மேல்நோக்கி 16.7 அங்குலமாக வளர்கிறது.

உள்ளங்கையில் படம் விழும் கருவி தோற்றதற்குக் காரணம் தொழில்நுட்பமா, விலையா?

சட்டையில் மாட்டிக்கொள்ளும் ஹியூமேன் ஏஐ பின் (AI Pin) கருவியைக் கேட்கிறீர்கள். 2024-இல் 699 டாலருக்கு வந்தது, மாதச் சந்தா தனி. 2025 பிப்ரவரியிலேயே சேவை நின்றது, நிறுவனத்தின் பெரும்பகுதியை ஹெச்பி வாங்கிக்கொண்டது. விலை ஒரு காரணம்தான், ஆனால் கையை நீட்டிப் பார்த்தாலே பெரிய காரணம் புரியும். உள்ளங்கை சமதளம் இல்லை, ரேகையும் மேடுபள்ளமும் நிறைந்தது, ஓயாமல் அசைந்துகொண்டே இருக்கும். வெயிலில் அந்தப் பச்சை லேசர் எழுத்து வெளிறிப்போகும். இரண்டு நிமிடம் கையை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தால் தோள் வலிக்கும். 2009-இல் அமெரிக்காவின் எம்ஐடியில் பிரணவ் மிஸ்திரி காட்டிய சிக்ஸ்த் சென்ஸும் உடம்பில் மாட்டிய புரொஜெக்டர்தான். ஆனால் அவர் சுவர், காகிதம், செய்தித்தாள் என்று பல பரப்புகளில் படத்தை விழவைத்துப் பார்த்தார். அந்தத் திசை இன்னும் திறந்தே இருக்கிறது என்று நம்புகிறேன்.

தம்பி, எனக்கு 72 வயது. இந்தப் படங்களில் எல்லாம் இளவயசுக்காரர்கள் மட்டும்தான். கை நடுங்குகிறவனுக்கு என்ன யோசித்திருக்கிறீர்கள்? தொட்டால் இரண்டு முறை அழுந்திவிடுகிறது.

ஐயா, எல்லோரும் கேட்க வேண்டிய கேள்வியை நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். முதலில் உடனடி வழி: போனின் அமைப்புகளில் அணுகல்தன்மை என்ற பகுதிக்குப் போங்கள். பல போன்களில், அடுத்தடுத்து விழும் தொடுதலைக் கணக்கில் எடுக்காமல் விடவும், கொஞ்ச நேரம் அழுத்தினால் மட்டும் ஏற்கவும் வசதி உண்டு. வீட்டுப் பிள்ளைகளிடம் சொல்லி அதை வைத்துத் தரச் சொல்லுங்கள்.

இனி என் துறையைப் பற்றி. நியூயார்க்கில் பட்ரீஷியா மூர் என்ற இளம் வடிவமைப்பாளர், ஃபிரிட்ஜ் கதவை மூட்டுவலிக்காரர் எப்படித் திறப்பார் என்று அலுவலகத்தில் கேட்டார். அவர்களுக்காக நாம் டிசைன் செய்வதில்லை என்ற பதில்தான் கிடைத்தது. அப்போது அவருக்கு 26 வயது. 1979 முதல் 1982 வரை முதிய பெண்ணைப் போல வேஷம் போட்டுக்கொண்டு, மங்கலான கண்ணாடி, அடைத்த காது, மடங்காதபடி கட்டிய மூட்டுகளோடு அமெரிக்காவிலும் கனடாவிலும் நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்களில் நடந்தார். பஸ் படி, கடைக் கதவு, மருந்துப் புட்டி மூடி என்று ஒவ்வொன்றும் எங்கே தடுக்கிறது என்பதைத் தன் உடம்பிலேயே தெரிந்துகொண்டார்.

எதிர்காலக் கருவி வரைகிற ஒவ்வொருவரும் ஒரு நாளாவது இதைச் செய்ய வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். எல்லோரும் விரல் படாத திரையை நோக்கி ஓடுகிறார்கள். தடவினாலே எது எதென்று தெரியும் நான்கு பெரிய பொத்தான்கள், அழுத்தினால் டக்கென்று உணர்த்தும் விசை, இவற்றோடு ஒரு கான்செப்ட் வந்தால் நான் அதைத்தான் புதுமை என்பேன். 1990-இல் வந்த ஆக்ஸோ நிறுவனத்தின் காய்கறித் தோல் சீவி, மனைவியின் மூட்டுவலிக்காக ஒருவர் தடித்த ரப்பர் பிடியோடு யோசித்தது. கடைசியில் வலி இல்லாதவர்களும் அதையே வாங்கினார்கள்.

அண்ணா, கல்லூரி மூன்றாம் வருடம். பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் நன்றாக ரெண்டர் (நிஜம்போன்ற படம்) செய்வேன். போர்ட்ஃபோலியோவில் வேறு என்ன சேர்க்கலாம்?

ஒரு மரக்கட்டை சேருங்கள், நிஜமாகத்தான் சொல்கிறேன். ஜெஃப் ஹாக்கின்ஸ் 1996-இல் வெளிவந்த பாம் பைலட் என்ற கையடக்க நாட்குறிப்புக் கருவியை யோசித்தபோது, சட்டைப் பைக்குள் போகும் அளவில் ஒரு கட்டையை அறுத்து எடுத்துக்கொண்டார். திரைக்குப் பதில் அச்சடித்த தாள், பேனாவுக்குப் பதில் சாப்ஸ்டிக் குச்சி. போகிற இடமெல்லாம் கொண்டுபோய், யாராவது சந்திக்கலாமா என்று கேட்டால் கட்டையை எடுத்து நாள் பார்ப்பதுபோலச் செய்வார். எந்தப் பொத்தான் எத்தனை தடவை தேவைப்படுகிறது என்று அப்படித்தான் தெரிந்தது.

தெர்மாகோல் போதும், ஆனால் எடை சரியாக இருக்க வேண்டும். உள்ளே குடைந்து நட்டு, போல்ட்டு போட்டு 200 கிராம் கொண்டுவாருங்கள். பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் எடுங்கள். சாப்பிட்ட கையோடு எடுங்கள். எங்கே நழுவியது, கட்டைவிரல் எதை எட்டவில்லை என்று குறித்து, அந்தக் குறிப்பையும் கீறல் விழுந்த கட்டையின் போட்டோவையும் ரெண்டருக்குப் பக்கத்தில் வையுங்கள். வேலைக்கு ஆள் எடுக்கும்போது நான் முதலில் பார்ப்பது அந்தப் பக்கத்தைத்தான். மேலே படிக்க நினைத்தால் ஐஐடி பம்பாயின் வடிவமைப்புப் பள்ளியான ஐடிசி இருக்கிறது, அதற்கு சீட் (CEED) என்ற நுழைவுத்தேர்வு எழுத வேண்டும். அகமதாபாத்தில் உள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனமான என்ஐடிக்குத் (NID) தனி நுழைவுத்தேர்வு.

டிசைனை இன்ஸ்டாகிராமில் போட்டுவிட்டுப் பிறகு பதிவு செய்துகொள்ளலாமா?

கூடாது, வரிசையை மாற்றுங்கள். இந்தியாவின் 2000-ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டப்படி, விண்ணப்பத்துக்கு முன்பே வெளியிட்டுவிட்டால் அது புதியது என்ற தகுதி போய்விடும். பதிவு செய்தால் 10 ஆண்டு, நீட்டித்தால் மேலும் 5 ஆண்டு பாதுகாப்பு. அதுவும் தோற்றத்துக்கு மட்டும்தான். வேலை செய்யும் முறைக்குக் காப்புரிமை வேறு.

வீடியோ பார்த்து முன்பணம் கட்டினேன். இரண்டு வருடமாகப் பொருள் வரவில்லை. இப்படிப்பட்டதை முன்கூட்டியே எப்படிக் கண்டுபிடிப்பது?

வருத்தமாக இருக்கிறது. புதுத் திட்டங்களுக்குப் பொதுமக்களிடம் பணம் திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் தளமே 2012-இல், வன்பொருள் திட்டங்களுக்கு நிஜம்போன்ற ரெண்டர் படம் போடக்கூடாது என்று விதி போட்டது. அவ்வளவு பேர் படத்தைப் பொருள் என்று நம்பினார்கள். இனிமேல் வெட்டே இல்லாமல் ஒரே ஷாட்டில் ஒரு மனிதர் அந்தக் கருவியைப் பயன்படுத்தும் காட்சி இருக்கிறதா என்று தேடுங்கள். உள்பாகத்தின் போட்டோ, பேட்டரி அளவு, எடை, இவை மூன்றும் சொல்லப்படாவிட்டால் பணம் கட்ட வேண்டாம்.

கைவிடப்பட்ட கான்செப்ட்டுகளில் ஒன்று திரும்ப வரலாம் என்றால் எதைக் கேட்பீர்கள், சார்?

ஒரு குழந்தைக்கு ஒரு லேப்டாப் திட்டம் 2008-இல் காட்டிய எக்ஸ்ஓ-2. புத்தகம்போல விரியும் இரட்டைத் திரை, 75 டாலர் விலை இலக்கு. வரைந்தது ஈவ் பெஹாரின் குழு. தயாரிக்கவே இல்லை. அதற்கு முன்பு வந்த எக்ஸ்ஓ-1-இல் மேரி லூ ஜெப்சன் உருவாக்கிய ஒரு திரை இருந்தது. பின்விளக்கை அணைத்துவிட்டால் அது கறுப்பு வெள்ளையாக மாறி, வெயிலின் வெளிச்சத்தைக் கொண்டே நேர் வெயிலில் படிக்கத் தரும். மின்சாரமும் மிகக் குறைவு. அந்தத் திரையை இந்த இரட்டைப் புத்தகத்தில் போட்டு, கையில் பிடித்தால் நழுவாத ஓரத்தோடு, பேட்டரியை மாணவரே மாற்றும்படி செய்து தாருங்கள் என்று கேட்பேன். இப்போது அதற்கு வேண்டிய எல்லாப் பாகங்களும் தனித்தனியாகக் கடையில் இருக்கின்றன.