காலை 5:30 மணிக்குத் தானாக வந்த லாக்

கேள்வி: சார், சனிக்கிழமை இரவு 10 மணிக்கு எங்கள் லாக்ஸ்டாஷை (லாக்குகளைச் சேகரித்து அனுப்பும் மென்பொருள்) 7.17-லிருந்து 8-க்கு அப்கிரேடு செய்தேன். அந்த லாக்குகளைச் சேமித்துத் தேடித்தரும் எலாஸ்டிக்சர்ச்சை முந்தைய வாரமே மாற்றியாகிவிட்டது. அந்த நிமிடமே என்ஜின்எக்ஸ் வெப் சர்வரின் லாக் வருவது நின்றுபோனது. 2 மணி வரை முட்டிமோதிவிட்டுப் படுத்துவிட்டேன். காலையில் பார்த்தால் 5:30-லிருந்து தானாக வந்துகொண்டிருக்கிறது! டாஷ்போர்டு மட்டும் காலி. 500 பிழைக்கான அலர்ட்டும் வரவில்லை. எதையும் தொடாமல் எப்படிச் சரியானது?
- கோவை வாசகர்

பதில்: சரியாகவில்லை. ஆனால் 5:30 என்று நேரம் போட்டு எழுதினீர்களே, அதற்கு நன்றி. பாதி வேலை அதிலேயே முடிந்தது.

நம் ஊர் 5:30 என்பது யுடிசி என்கிற உலகப் பொது நேரத்தில் நள்ளிரவு. எலாஸ்டிக்சர்ச் லாக்கைப் போட்டுவைக்கும் இடமான இண்டெக்ஸின் பெயரில் தேதி இருக்கும். அதை லாக்ஸ்டாஷ் யுடிசி கணக்கில்தான் போடும். அதனால் 5:30-க்குப் புது இண்டெக்ஸ் பிறந்திருக்கிறது.

பழைய இண்டெக்ஸில் என்ன தகராறு? 8-ல் ஈசிஎஸ் என்கிற எலாஸ்டிக் காமன் ஸ்கீமா, அதாவது ஃபீல்டுகளுக்குப் பொதுவான பெயர் வைக்கும் முறை, தானாகவே இயங்கும். 7-ல் 'ஹோஸ்ட்' (லாக் வந்த கணினி) என்ற ஃபீல்டு வெறும் எழுத்துச் சரம். 8-ல் அது ஒரு பெட்டி, உள்ளே 'நேம்'. அன்றைய இண்டெக்ஸ் அதைச் சரம் என்று பதிந்து வைத்திருந்ததால், பெட்டியாக வந்த ஒவ்வொரு வரியையும் 400 (தவறான கோரிக்கை) என்று சொல்லித் திருப்பியது. 5:30-க்குப் பிறந்த இண்டெக்ஸ் பெட்டி என்றே பதிந்துகொண்டதால் லாக் வந்தது. திருப்பிய வரிகளைப் பிடித்துவைக்கும் டெட் லெட்டர் க்யூவை நாமாக இயக்கினால்தான் உண்டு. இல்லையென்றால் திரும்பியது போனதுதான்.

டாஷ்போர்டு காலியானதும் இந்த ஈசிஎஸ்ஸால்தான். லாக் வரியை ஃபீல்டுகளாகப் பிரிக்க நீங்கள் அப்பாச்சி குரோக் பேட்டர்னை வைத்திருப்பீர்கள், என்ஜின்எக்ஸுக்கும் பலர் அதைத்தான் வைக்கிறார்கள். அதில் 'ரெஸ்பான்ஸ்' என்றிருந்த ஃபீல்டு இப்போது 'எச்டிடிபி.ரெஸ்பான்ஸ்.ஸ்டேட்டஸ்_கோட்'. 'கிளையண்ட்ஐபி' இப்போது 'சோர்ஸ்.அட்ரஸ்'. இல்லாத ஃபீல்டில் 500-ஐத் தேடினால் எலாஸ்டிக்சர்ச் பிழை காட்டாது, பூஜ்யம் என்று சமர்த்தாகச் சொல்லும். பூஜ்யம் என்றால் அலர்ட் ஏன் அடிக்கப்போகிறது? பழைய வேலையில் நானும் இப்படி மூன்று நாள் 'சைட் அமோகமாக ஓடுகிறது' என்று டீக்கடையில் பெருமை பேசியவன்தான்.

புதுப் பதிப்பில் நீக்கிய வசதி என்றால் சர்வீஸ் ஸ்டார்ட்டே ஆகாது, அரை மணியில் பிடித்துவிடலாம். டீஃபால்ட் (நாம் எதுவும் எழுதாதபோது தானாக எடுக்கும் மதிப்பு) மாறினால்தான் இப்படி ஆளைக் கவிழ்க்கும். 'இந்த டீஃபால்ட் வரப்போகும் ஒரு பெரிய பதிப்பில் மாறலாம், எது வேண்டுமென்று நீங்களே எழுதிவையுங்கள்' என்று 7.17 எச்சரித்துக்கொண்டேதான் இருந்தது. அதற்கென்றே தனி டெப்ரிகேஷன் லாக் ஃபைல் உண்டு. ஊர் லாக்கையெல்லாம் சேர்க்கிற நாம் அதைத் திறப்பதில்லை.

இப்போதைக்கு ஈசிஎஸ் கம்பேட்டிபிலிட்டியை 'டிஸேபிள்டு' என்று லாக்ஸ்டாஷ் செட்டிங்கில் எழுதுங்கள். ஆனால் உடனே ரீஸ்டார்ட் செய்தால் இன்றைய இண்டெக்ஸில் அதே சண்டை தலைகீழாக நடக்கும். இண்டெக்ஸ் பெயரோடு ஒரு எழுத்தைச் சேர்த்துவிட்டுச் செய்யுங்கள். டாஷ்போர்டுகளை நிதானமாக மாற்றிய பிறகு ஈசிஎஸ்ஸை இயக்கலாம்.

போன ஏழரை மணி நேர லாக் என்ஜின்எக்ஸ் சர்வரில் பத்திரமாக இருக்கும், பழைய லாக்கை நீக்கும் லாக்ரொட்டேட் அதை அழிப்பதற்குள் எடுங்கள். தனி பைப்லைன் போட்டு, எதுவரை படித்தோம் என்று குறித்துவைக்கும் சின்ஸ்டிபியின் பாதையை, எதையும் சேமிக்காத டெவ் நல் என்று கொடுத்து, முதலிலிருந்து படிக்கவையுங்கள். இதற்கும் வேறு இண்டெக்ஸ் பெயர் கொடுப்பது நல்லது. ஈசிஎஸ்ஸை நிறுத்தாமல் பழைய பெயரிலேயே அனுப்பினால் பழைய தேதிக் கதவைத் தட்டி மறுபடி 400 வாங்குவீர்கள்.

கேள்வி: 8-க்கு மாறியதிலிருந்து டிஸ்க் வேகமாக நிரம்புகிறதே?
- மதுரை வாசகி

பதில்: 'ஈவெண்ட்.ஒரிஜினல்' என்று ஒரு ஃபீல்டு புதிதாக வந்திருக்கிறதா பாருங்கள். 'மெசேஜ்' ஃபீல்டில் உள்ள அதே வரிதான், இன்னொரு பிரதி. ஃபீல்டுகளை மாற்றும் மியூட்டேட் ஃபில்டரில் ரிமூவ் ஃபீல்டு போட்டுத் தூக்கிவிடுங்கள்.