விழித்தெழாத மடிக்கணினியோடு மல்லுக்கட்டும் மகளுக்கு எதிர்காலம் உண்டா?

மதிப்பிற்குரிய ஐயா,

கணினிப் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் தங்கள் மகள், மூடி வைத்த மடிக்கணினி மீண்டும் திறந்தபோது ஏன் விழித்தெழவில்லை என்று தேடுவதிலேயே ஆறு வாரங்களைச் செலவிட்டுவிட்டார் என்றும், உடன் படிப்பவர்கள் ஆப்களையும் இணையதளங்களையும் செய்து காட்டும்போது இவரிடம் காட்ட ஒன்றுமில்லை என்றும் வருந்தி எழுதியிருக்கிறீர்கள். தங்கள் கவலையில் பாதி நியாயமானது. அதற்குப் பின்னர் வருகிறேன். மற்றப் பாதி, அவர் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாததால் வருவது. அதை முதலில் விளக்குகிறேன்.

கணினியின் உறுப்புகளுக்கும் நாம் பயன்படுத்தும் மென்பொருள்களுக்கும் நடுவில் இருந்து இரண்டையும் ஆள்வது கெர்னல் என்ற அடிப்படை நிரல். தங்கள் மகள் கையில் எடுத்திருக்கும் லினக்ஸ் கெர்னல்தான் ஆண்ட்ராய்டு கைப்பேசிகளுக்குள்ளும் இருக்கிறது. உலகின் அதிவேகக் கணினிகளைத் தரவரிசைப்படுத்தும் டாப்500 பட்டியலில் உள்ள அத்தனை கணினிகளும் 2017 நவம்பர் முதல் லினக்ஸில்தான் ஓடுகின்றன. தொடுபலகை, கேமரா, வைஃபை, திரை என ஒவ்வொரு சாதனத்தையும் இயக்கத் தெரிந்த, டிரைவர் எனப்படும் ஒரு நிரல்பகுதி கெர்னலுக்குள் இருக்கும்.

மூடியை மூடியதும் கெர்னல் முதலில் ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களை உறைய வைக்கிறது. பிறகு ஒவ்வொரு டிரைவரிடமும், சாதனத்தின் நிலையைக் குறித்துவைத்துக்கொண்டு அதை அணைக்கும்படி சொல்கிறது. இதில் வரிசை முக்கியம்: தொடுபலகை எந்தக் கட்டுப்படுத்தியின் வழியாக இணைந்திருக்கிறதோ அது உறங்குவதற்கு முன் தொடுபலகை உறங்கியிருக்க வேண்டும், எழும்போது இந்த வரிசை அப்படியே தலைகீழாகும். மின்சாரம் துண்டிக்கப்பட்ட சாதனம் தன் அமைப்புகளை மறந்துவிடக்கூடும் என்பதால், எழுந்ததும் அவற்றைத் திரும்ப எழுதுவது டிரைவரின் பொறுப்பு. ஒரு டிரைவர் ஒரே ஓர் அமைப்பைத் திரும்ப எழுத மறந்தாலும் முழுக் கணினியும் கறுத்த திரையோடு நின்றுவிடலாம். பிசிஐ என்ற இணைப்பின் வழியாகப் பொருத்தப்பட்ட சாதனம் அணைந்து கிடக்கும்போது அதைப் படித்தால் எல்லா பிட்டுகளும் 1 என்றே வரும்; அதை உண்மையான விடை என்று நம்பிச் செயல்படும் டிரைவர், சாதனத்தில் எந்தப் பழுதும் இல்லாதபோதே தவறான பாதையில் போய்விடும்.

விழிக்காமல் போவது கண்ணுக்குத் தெரியும் பிழை. உறங்க வேண்டியது உறங்காமல் இருப்பது அதைவிடச் சத்தமில்லாதது. எனக்கு அதுவே இத்துறையின் உண்மையான பள்ளிக்கூடமாகத் தோன்றுகிறது. கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே பயன்படாத சாதனங்களை உறங்க வைப்பதற்காக, கெர்னல் ஒவ்வொரு சாதனத்துக்கும் ஒரு பயன்பாட்டு எண்ணிக்கையை வைத்திருக்கிறது. சாதனம் தேவைப்படும்போது டிரைவர் எண்ணைக் கூட்டும், வேலை முடிந்ததும் குறைக்கும், எண் பூஜ்யத்துக்கு வந்தால்தான் சாதனம் உறங்கலாம். சாதனத்தை எழுப்ப டிரைவர் கெர்னலிடம் விடுக்கும் பழைய அழைப்பு ஒன்று, எழுப்ப முடியாமல் தோற்றாலும் எண்ணைக் கூட்டிவிடும். டிரைவர் எழுதிய பலர், அழைப்பே தோற்றுவிட்டதால் குறைப்பதற்கு எதுவும் இல்லை என்று எண்ணி, பிழைக்குறியீட்டை மட்டும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த ஓர் இடத்தில் எண் ஒருமுறை கூடிவிட்டால் பிறகு பூஜ்யத்துக்கே வராது; சாதனம் உறங்காது; பேட்டரி வேகமாகக் கரைவதைத் தவிர வேறு அறிகுறியும் இராது. 2020-இல், தோற்றால் எண்ணைத் தானே குறைத்துவிடும் புதிய அழைப்பு ஒன்று கெர்னலில் சேர்க்கப்பட்டது. அதைத் தொடர்ந்து ஏராளமான டிரைவர்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருத்தப்பட்டன. ஒவ்வொரு திருத்தமும் சில வரிகள்தான். ஆனால் அந்த வரிகள் எங்கே வேண்டும் என்று கண்டறிய, தோல்வி நேரும் பாதைகளை ஒவ்வொன்றாக நடந்து பார்க்கும் மனம் வேண்டும்.

ஆறு வாரம் ஏன் ஆகிறது என்பதற்கு வருகிறேன். சாதாரண நிரலில் பிழை வந்தால் திரையில் செய்தி வரும். இங்கேயோ திரையும் சேர்ந்து உறங்கிவிடுகிறது. அதனால் உறக்கத்தைப் படிப்படியாக வெட்டிச் சோதிக்கும் வசதி கெர்னலிலேயே உண்டு: நிரல்களை உறைய வைப்பதோடு நிறுத்தி, ஐந்து வினாடி காத்திருந்து, திரும்ப எழச் சொல்லலாம், அது சரியாக நடந்தால் சாதனங்கள் வரை போகச் சொல்லலாம், இப்படி ஐந்து நிலைகளில் எந்த நிலையில் உடைகிறது என்று நெருங்கலாம். எழும்போது கணினி முற்றிலும் உறைந்து, மறுதொடக்கம் செய்தால் நினைவகத்தில் இருந்த தடயமெல்லாம் அழிந்துவிடும் நிலைக்கும் ஒரு வழி இருக்கிறது. மின்சாரம் போனாலும் ஓடிக்கொண்டிருக்கும் கடிகாரச் சில்லில், கடைசியாகத் தொட்ட சாதனத்தின் அடையாளத்தைக் கெர்னல் எழுதி வைக்கும். மறுதொடக்கம் ஆனவுடன் அதைப் படித்துக்கொள்ளலாம். அந்தச் சோதனைக்குப் பின் கணினியில் தேதி தவறாகத் தெரியும் என்பது இதன் விலை. தங்கள் வீட்டுக் கணினியில் அப்படித் தெரிந்தால் அது பழுதல்ல.

முந்தைய பதிப்பில் வேலை செய்து புதிய பதிப்பில் கெட்டுப்போன பிழையாக இருந்தால், இரண்டுக்கும் இடைப்பட்ட மாற்றங்களைப் பாதி பாதியாகப் பிரித்துச் சோதிப்பார்கள். புதிய பதிப்பு சுமார் ஒன்பது, பத்து வாரங்களுக்கு ஒருமுறை வருகிறது; ஒரு பதிப்பில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மாற்றங்கள் இருப்பது வழக்கம். இரண்டாகப் பிரிக்கும் முறையில் அவற்றுக்கு ஏறத்தாழ 14 சோதனைகள் போதும். ஆனால் ஒவ்வொரு சோதனைக்கும் கெர்னலை மீண்டும் கட்டி, நிறுவி, கணினியை உறங்க வைத்து எழுப்ப வேண்டும். பத்து முறையில் ஒருமுறை மட்டும் தலைகாட்டும் பிழையாக இருந்தால், ஒரு சோதனையே இருபது, முப்பது உறக்கங்களாகிவிடும். அதை முழுமையாகச் செய்யாமல் அவசரப்பட்டு ‘இந்தப் பதிப்பு நல்லது’ என்று குறித்துவிட்டால், எந்தக் குற்றமும் செய்யாத மாற்றத்தின் மீது பழி விழும். தங்கள் மகள் இரவில் ஐம்பது முறை மூடியைத் திறந்து மூடியதாக எழுதியிருந்தீர்களே, அது வீண்வேலை அல்ல. அந்த வேலையை அப்படித்தான் செய்ய வேண்டும்.

இனி, தங்கள் கவலையின் நியாயமான பாதி. இத்துறையில் வேலைகள் உண்டு, ஆனால் இணைய மென்பொருள் துறையில் இருப்பதைப்போல் எண்ணிக்கையில் அதிகம் இல்லை. இன்டெல், ஏஎம்டி, குவால்காம், ஆர்ம் போன்ற சில்லு நிறுவனங்களும், ரெட் ஹாட், சூசே, கனோனிக்கல் போன்று லினக்ஸை வெளியிடும் நிறுவனங்களும், கொலாபரா, பூட்லின் போன்று பிறருக்காகக் கெர்னல் வேலை செய்துதரும் சிறு நிறுவனங்களும், வாகனம், மருத்துவக் கருவி, வலையமைப்புக் கருவி செய்பவர்களும் இந்தத் திறமையைத் தேடுகிறார்கள். புதியவர்களைக் கூட்டமாக எடுத்துப் பயிற்சி தரும் வழக்கம் இங்கே குறைவு. ஏற்கெனவே செய்து காட்டியவரைத்தான் விரும்புவார்கள். இதனால் முதல் வேலைக்குக் காத்திருக்கும் காலம் சற்று நீளலாம் என்பதைத் தங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

ஆனால் செய்து காட்டுவதற்கான மேடை எல்லோருக்கும் திறந்திருக்கிறது. லினக்ஸில் ஏற்கப்படும் ஒவ்வொரு பேட்ச்சும், அதாவது அனுப்பப்படும் திருத்தமும், எழுதியவரின் பெயரோடு நிரந்தரப் பதிவாகிறது. அதை அனுப்பத் தமக்கு உரிமை உண்டு என்று உறுதிசெய்து கையொப்ப வரி இட வேண்டும் என்பது 2004 முதல் உள்ள விதி. எந்த மாற்றத்தால் பிழை வந்தது, எப்படிக் கண்டறிந்தேன், ஏன் இந்தத் திருத்தம் சரி என்பதையெல்லாம் பேட்ச்சோடு எழுத வேண்டும். சாதனங்களின் உறக்கத்தையும் விழிப்பையும் கவனிக்கும் மின் மேலாண்மைப் பகுதியை நெடுங்காலமாகப் பராமரித்து வரும் ரஃபேல் வைசாக்கி போன்ற மூத்தவர்கள் அதைப் பொதுவில் படித்துக் கேள்வி கேட்பார்கள். மாற்றி எழுதச் சொல்வார்கள். மூன்று, நான்கு முறை திருப்பி அனுப்பப்படுவது அங்கே சாதாரணம். முதல்முறை திரும்பி வந்தபோது அவமானப்பட்டு ஒதுங்கிப்போன நல்ல மாணவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த நாளில் வீட்டில் ஒருவர் அவரைத் தோற்றவராக நடத்தாமல் இருந்தாலே அது பெரிய உதவி. ஏற்கப்பட்ட ஐந்து சிறிய திருத்தங்களும், அவற்றைச் சுற்றி நடந்த உரையாடலில் அவர் காட்டிய நிதானமும், வேலைக்கு எடுப்பவருக்கு மதிப்பெண் பட்டியலைவிட அதிகம் சொல்லும்.

இந்த ஆண்டு அவர் சி மொழியில் சுட்டிகளையும் (பாயிண்டர்) நினைவக ஒழுங்கையும் ஐயமறக் கற்கட்டும். ரஸ்ட் என்ற மற்றொரு நிரல் மொழிக்கான தொடக்க ஆதரவு 2022 டிசம்பரில் வெளியான கெர்னலின் 6.1 பதிப்பில் வந்துவிட்டது. ஆயினும் திருத்தப்பட வேண்டிய டிரைவர்களில் மிகப்பெரும் பகுதி சி மொழியில்தான் இருக்கிறது. குறுக்கீடுகள், பூட்டுகள், ஒரே நேரத்தில் இருவர் ஒரே தரவைத் தொடும் சிக்கல் ஆகியவற்றைப் பாடமாக மட்டும் படிக்காமல், ஏதாவது ஒரு சிறிய டிரைவரை எடுத்து வரிவரியாகப் படித்துப் புரிந்துகொள்ளட்டும். கியூஇஎம்யூ போன்ற மென்பொருள் உருவாக்கும் போலி இயந்திரத்தில் கெர்னல் கட்டிப் பழகலாம், ஆனால் மின் மேலாண்மைப் பிழைகள் பெரும்பாலும் உண்மையான சாதனத்தில்தான் வெளிப்படும். ஆகவே, கெட்டாலும் பரவாயில்லை என்று ஒதுக்கிவைக்கக்கூடிய ஒரு பழைய கணினியைத் தாங்கள் வாங்கித் தந்தால் அது பயிற்சி வகுப்புக் கட்டணத்தைவிட நல்ல செலவு. லினக்ஸ் ஃபவுண்டேஷனின் வழிகாட்டல் திட்டம், அவுட்ரீச்சி, 2005 முதல் நடந்துவரும் கூகுள் சம்மர் ஆஃப் கோட் ஆகியவற்றில், பெரும்பாலும் உதவித்தொகையோடு, மூத்தவர்களிடம் வேலை பழகலாம். விண்ணப்பிப்பதற்கு முன்பே சில சிறு திருத்தங்களை அனுப்பியிருப்பது நல்லது.

படிப்பு முடியும்வரை ஒரு காலக்கெடு வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் இரண்டு, மூன்று திருத்தங்களாவது ஏற்கப்பட்டிருந்தால் இதே பாதையில் தொடரட்டும். ஏற்கப்படாவிட்டாலும், இந்தப் பயிற்சி பெற்றவருக்கு கருவிகளுக்குள்ளேயே இயங்கும் உட்பொதி மென்பொருள் வேலைக்கும் சர்வர் பராமரிப்பு வேலைக்கும் வழி இருக்கிறது.

இப்போதைக்குத் தாங்கள் கேட்க வேண்டியது, ‘எப்போது முடியும்?’ என்பதல்ல. பிழையை விரும்பும்போதெல்லாம் வரவழைக்க முடிகிறதா, எந்தப் பதிப்புவரை சரியாக இருந்தது, எந்த நிலையில் உடைகிறது என்ற மூன்றையும் கேளுங்கள். மூன்றுக்கும் அவரிடம் விடை இருந்தால், அவற்றை ஒரு பக்க அறிக்கையாக எழுதச் சொல்லி, அந்த டிரைவரைப் பராமரிப்பவருக்கு இந்த மாதமே அனுப்பச் சொல்லுங்கள். அதன் ஒரு படியை எனக்கும் அனுப்பினால், அடுத்த சந்திப்பில் மூவரும் அதை வைத்தே பேசலாம்.