மாடி கட்ட 5 லட்சம் அட்வான்ஸ் கேட்கிறார், கொடுக்கலாமா?

கேள்வி: காவேரிப்பட்டணத்தில் 2011-ல் கட்டிய தரைத்தள வீடு எங்களுடையது. மேலே 900 சதுர அடியில் மாடி எடுத்து வாடகைக்கு விடலாம் என்று இருக்கிறோம். ஒரு கான்ட்ராக்டர் மெட்டீரியலோடு சதுர அடிக்கு 1,850 ரூபாய் சொல்லி, 30 சதவீதம் அட்வான்ஸ் கேட்கிறார். இன்னொருவர் 2,250 சொல்கிறார், அட்வான்ஸ் 5 சதவீதம் போதும் என்கிறார். கையில் 9 லட்சம் இருக்கிறது. நானும் மனைவியும் சேர்ந்து மாதம் 62,000 சம்பாதிக்கிறோம். இரண்டு ஏக்கர் மாந்தோப்பும் உண்டு. முதலாமவருக்கே வேலையைக் கொடுத்துவிடலாமா? மீதிப் பணத்துக்கு நகையை வைப்பதா, வங்கியில் கடன் வாங்குவதா?

பதில்: 5 லட்சம் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். மாடி வேலைக்கு அஸ்திவாரச் செலவு கிடையாது. முதல் பத்து நாளில் செங்கல், கொஞ்சம் எம்-சாண்ட், சிமெண்ட், ஆள் கூலி இவ்வளவுதான் செலவு. அதற்கு 5 லட்சம் எதற்கு? பல நேரம் அந்தப் பணம் அவருடைய முந்தைய சைட்டின் கடை பாக்கிக்குப் போய்விடும். அப்புறம் உங்கள் தளத்துக்குக் கம்பி வாங்க அவர் அடுத்த வீட்டு அட்வான்ஸுக்காகக் காத்திருப்பார், உங்கள் வேலை நிற்கும்.

இனி விலை வித்தியாசம். 900 சதுர அடிக்கு முதலாமவர் கணக்கு 16.65 லட்சம், இரண்டாமவர் கணக்கு 20.25 லட்சம். 3.6 லட்சம் மிச்சம் என்று தோன்றும். ஆனால் எந்த அளவை வைத்து சதுர அடி போடுகிறார் என்று இருவரிடமும் கேட்டீர்களா? சுவரின் வெளிப்புற அளவா, மேல்தளம் நீண்டிருக்கும் இடம் வரைக்குமா? பால்கனியும் படிக்கட்டு ஹெட்ரூமும் முழு ரேட்டிலா, பாதி ரேட்டிலா? சன்ஷேடு, கைப்பிடிச் சுவர் சேர்ந்ததா? இதையெல்லாம் கூட்டி 900 என்பது 1,040 ஆகிவிட்டால் 1,850 ரேட்டிலேயே 19.24 லட்சம் வந்துவிடும். "ஜிஎஸ்டி தனி" என்று கடைசியில் ஒரு வரி இருந்தால் 18 சதவீதம். 16.65 லட்சத்துக்கே கிட்டத்தட்ட 3 லட்சம் அது. மின்சாமான், குழாய் சாமான், டைல்ஸ் இவற்றுக்குச் சதுர அடிக்கு என்ன விலை வரை அவர் பொறுப்பு என்பதும் எழுத்தில் இல்லாவிட்டால், விலை குறைந்த கொட்டேஷன் என்று சொல்ல அதில் ஒன்றும் இல்லை. இரண்டு பேரிடமும் ஒரே பட்டியலைக் கொடுத்து, அதற்கு நேராக விலை போடச் சொல்லுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. கான்ட்ராக்டரைச் சாராத ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூப்பிட்டுக் கீழ் வீட்டைக் காட்டுங்கள். அது பில்லர் போட்டுக் கட்டியதா, சுவரே தாங்கும் வீடா? அஸ்திவாரம் எவ்வளவு ஆழம்? ஒரு மூலையில் தோண்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். பில்லர் வீடாக இருந்து, பிற்காலத்தில் மாடி எடுக்கலாம் என்று மொட்டை மாடியில் கம்பி நீட்டி விட்டிருந்தால், இத்தனை வருடம் வெயிலிலும் மழையிலும் நின்ற கம்பி அது. துரு மேலாக இருந்தால் தேய்த்துப் பயன்படுத்தலாம். செதிள் செதிளாக உதிர்ந்து கம்பி மெலிந்திருந்தால் இன்ஜினியர் வேறு வழி சொல்ல வேண்டும்.

மொட்டை மாடியில் வெயிலும் மழையும் இறங்காமல் இருக்கச் சுருக்கி (செங்கல் ஜல்லி, சுண்ணாம்புக் கலவை) போட்டு, அதன் மேல் தட்டோடு பதித்திருக்கிறீர்கள் என்றால் அதை உடைத்து எடுக்காமல் மேலே கட்டக் கூடாது. 900 சதுர அடியில் அதுவே 15 டன்னுக்குப் பக்கம் வரும். உடைக்கிற கூலியும் இடிபாட்டை வண்டியில் ஏற்றி அகற்றுகிற செலவும் பெரும்பாலும் எந்தக் கொட்டேஷனிலும் இருக்காது. மேல் சுவர்கள் கீழ்ச் சுவர் மேலோ பீம் மேலோ நிற்க வேண்டும். "இங்கே ஒரு ரூம் தடுத்துக்கலாம் சார்" என்று வெறும் தளத்தின் நடுவில் செங்கல் சுவர் எழுப்பினால் கீழே சீலிங்கில் கீறல் விடும்.

பணம் கொடுக்கிற வரிசைதான் உங்கள் கையில் இருக்கும் ஒரே கடிவாளம். நான் எழுதச் சொல்வது இப்படி: ஒப்பந்தத்தில் கையெழுத்தானதும் 5 சதவீதம். சுவர் எழும்பி, கதவு ஜன்னலுக்கு மேல் வரும் லிண்டலும் சன்ஷேடும் முடிந்ததும் 20. தளத்துக்குச் சென்ட்ரிங் (கான்கிரீட்டைத் தாங்கும் பலகையும் முட்டும்) அடித்து, கம்பி கட்டி, இன்ஜினியர் பார்த்துச் சரி என்றதும் 15. கான்கிரீட் போட்டுச் சென்ட்ரிங் பிரித்த பிறகு 10. உள்பூச்சுக்கு 15, வெளிப்பூச்சுக்கும் ஒயரிங் குழாய்க்கும் 10, டைல்ஸ் முடிந்ததும் 10, பெயிண்ட் முடிந்து சாவி வாங்கும்போது 10. கடைசி 5 சதவீதம் ஒரு ஐப்பசி மழை பார்த்த பிறகு. இந்தக் கடைசி 5-க்கு யாரும் சுலபத்தில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆனாலும் விட்டுக் கொடுக்காதீர்கள். தளத்தில் ஒழுகுகிறது என்று போன் செய்யும்போது அவர் எடுப்பதற்கு அதுதான் காரணமாக இருக்கும்.

தளம் போடுவதற்கு முந்தின நாள் மட்டும் வேலைக்கு லீவு போட்டாவது மேலே ஏறுங்கள். கம்பிக்கும் பலகைக்கும் நடுவில் இடைவெளிக்கு வைக்கும் 20 மி.மீ. கவர் பிளாக் இருக்கிறதா, இல்லை ஜல்லிக் கல்லை முட்டுக் கொடுத்திருக்கிறார்களா என்று குனிந்து பாருங்கள். சுவரை ஒட்டி மேலே தூக்கிக் கட்டிய கம்பியை ஆட்கள் மிதித்து மிதித்து அழுத்திவிடுவார்கள். அதைத் தாங்க இடையிடையே நாற்காலி போல வளைத்த 'சேர்' கம்பி இருக்க வேண்டும். கான்கிரீட் அன்று பார்க்க வேண்டியது தண்ணீர். ஒரு 50 கிலோ சிமெண்ட் மூட்டைக்கு 25 லிட்டரைச் சுற்றித்தான் இருக்க வேண்டும், 27-க்கு மேல் போகக் கூடாது. கொட்டுவதற்குச் சுலபம் என்று குழாயைத் திறந்துவிட்டால் நீங்கள் காசு கொடுத்த சிமெண்டின் பலம் அங்கேயே போய்விடும்.

போர் தண்ணீரையும் ஒரு முறை பரிசோதனைக்குக் கொடுத்துவிடுங்கள். நம் கிருஷ்ணகிரி, தர்மபுரி இரண்டு மாவட்டத்திலும் தண்ணீர் என்றாலே ஃப்ளோரைடு பேச்சுத்தான் வரும், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதனால்தான். ஃப்ளோரைடு பல்லுக்கும் எலும்புக்கும் கெடுதல். கம்பியைத் தின்பது குளோரைடு. கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு அது லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. தாண்டினால் டேங்கர் செலவையும் பட்ஜெட்டில் சேருங்கள்.

கான்கிரீட் போட்ட பிறகு 4.5 மீட்டர் வரை அகலமுள்ள தளத்துக்கு 7 நாள், அதற்கு மேல் 14 நாள், 6 மீட்டர் வரை நீளமுள்ள பீமுக்கும் 14 நாள் முட்டு நிற்க வேண்டும். பலகை வாடகைக்குப் பயந்து முன்னமே பிரிக்கப் பார்ப்பார்கள். பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவது குறைந்தது 10 நாள், பங்குனி சித்திரை வெயிலில் 14 நாள்.

கடன் விஷயத்துக்கு வருவோம். நகைக் கடன் வேண்டாம். வட்டி ஒரு புறம் இருக்கட்டும், அதன் தவணை பெரும்பாலும் ஒரு வருடம். சரியாக வேலை முடிந்து கை காலியாக இருக்கும் நேரத்தில் மீட்கச் சொல்லி நோட்டீஸ் வரும். வீட்டை விரிவாக்க வங்கிகள் வீட்டுக் கடன் வட்டியிலேயே தருகின்றன. பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, இன்ஜினியர் எஸ்டிமேட் இவற்றோடு பேரூராட்சியின் கட்டட அனுமதியும் கேட்பார்கள். 2011-ல் தரைத்தளத்துக்கு மட்டும் வாங்கிய அனுமதி செல்லாது, மாடிக்குப் புதிதாக வாங்க வேண்டும். கட்டடத் தொழிலாளர் நலநிதிக்கு ஏதும் கட்ட வேண்டுமா என்றும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாமவர் விலை 20.25 லட்சத்தோடு உடைப்பு, அனுமதி, 10 சதவீத எதிர்பாராச் செலவு எல்லாம் சேர்த்தால் 23 லட்சம் வரும். உங்கள் 9-ல் 1 லட்சத்தை மருத்துவ அவசரத்துக்கு ஒதுக்கிவிட்டு 8 லட்சத்தை முதலில் இறக்குங்கள். மீதி 15 லட்சம் கடன். வங்கி அதை வேலை நடக்க நடக்கத்தான் விடுவிக்கும், விடுவித்த தொகைக்கு மட்டும் வட்டி: 3 லட்சம் வாங்கியிருந்தால் 8.5 சதவீதத்தில் மாதம் 2,125 ரூபாய். மொத்தமும் வாங்கிய பின் 15 வருடத்துக்கு இஎம்ஐ 14,771. உங்கள் சம்பளத்தில் கால் பங்குக்கும் கீழே, தாங்கும்.

இஎம்ஐ கணக்கில் மாந்தோப்பையும் வாடகையையும் சேர்க்காதீர்கள். பெங்களூரா மாம்பழத்தின் விலை போன வருடம் போல இந்த வருடம் இருப்பதில்லை. மாறும் வட்டியில் கடனை எடுத்தால் முன்கூட்டி அடைக்க அபராதம் கிடையாது. சீசன் முடிந்து ஆடியில் வருடா வருடம் 1 லட்சம் கூடுதலாகக் கட்டினால், 15 வருடக் கடன் 8 வருடத்துக்குள் முடிந்துவிடும். கட்டும்போது "இஎம்ஐயைக் குறைக்க வேண்டாம், காலத்தைக் குறையுங்கள்" என்று எழுதிக் கொடுங்கள். வருமான வரிச் சலுகைக்காகக் கடனைக் கூட்டாதீர்கள். உங்கள் இருவர் சம்பளத்துக்கும் புதிய முறையில் வரியே வராது.

ஆள் தேர்வில் இன்னும் ஒன்று. இருவரும் மூன்று நான்கு வருடத்துக்கு முன் கட்டிய வீடு ஒன்றையும், இப்போது நடக்கும் சைட் ஒன்றையும் போய்ப் பாருங்கள். கம்பி, சிமெண்ட் வாங்கும் கடையில் "இவர் பாக்கி வைப்பாரா?" என்று கேளுங்கள், மழுப்பினாலே பதில் தெரிந்துவிடும். 1,850 சொன்னவர் ஜிஎஸ்டியும் அளவு முறையும் எழுத்தில் தந்து, மேலே சொன்ன தவணை வரிசைக்கும் சம்மதித்தால் அவரிடமே பேசலாம். 30 சதவீதம் இல்லாமல் வேலை தொடங்க முடியாது என்றால் இரண்டாமவருக்குச் சொல்லி அனுப்புங்கள்.